பேப்பர் பீசிங்: முன்பக்கம் தையல் தெரியாமல் சேர்ப்பது எப்படி?

லீட்ஸ்_மல்லிகை:

எல்லோருக்கும் வணக்கம். ஆறு மாதமாக இங்லிஷ் பேப்பர் பீசிங் செய்துவருகிறேன். இங்கே நூலகத்தில் வாராவாரம் கூடும் தையல் குழுவில் ஒரு பாட்டி கற்றுக்கொடுத்தார். அறுகோணமாக வெட்டிய காகிதத்தின் மேல் துணியைச் சுற்றி மடித்து, மடித்த துண்டுகளை விளிம்போடு விளிம்பு வைத்துக் கையாலேயே தைத்துச் சேர்ப்பது, தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என்னுடையது 1 இஞ்ச் அறுகோணம், அதாவது ஒரு பக்கம் 1 இஞ்ச். நடுவில் ஒன்று, சுற்றி ஆறு என்று ஏழு துண்டுப் பூக்கள் 23 முடித்துவிட்டேன்.

பூக்களைத் தள்ளி வைத்துப் பார்த்தால் அழகாகத்தான் இருக்கின்றன. கிட்டத்தில் பார்த்தால் முன்பக்கம் முழுக்கத் தையல் பல் பல்லாகத் தெரிகிறது, கருநீலத் துணியில் ரொம்பவே. மூன்று துண்டுகள் சேரும் இடத்தில் ஊசி முனை போகிற அளவுக்கு ஓட்டை, வெளிச்சத்தில் பிடித்தால் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. பசைப் பேனாவால்தான் ஒட்டி மடிக்கிறேன், இப்போது காகிதத்தை எடுக்கப்போனால் கிழிந்து வருகிறது. நூல் வீட்டிலிருந்த சாதாரண மெஷின் நூல், ஊசி பட்டன் தைக்கிற ஊசி.

இவ்வளவு கவலைப்படக் காரணம் உண்டு. அம்மாவின் சுங்குடிச் சேலைகள் இரண்டு என்னிடம் இருக்கின்றன. போர்வையின் நடுப்பகுதி அவற்றில்தான் வர வேண்டும். ஒருமுறை கத்தரி வைத்துவிட்டால் திரும்ப வராது, அதனால் கையைச் சரிசெய்துகொண்டு அப்புறம் வெட்டலாம் என்று காத்திருக்கிறேன். அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

கோவை_நூல்கண்டு:

முதலில் அந்த ஊசியை மாற்றுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். இந்த வேலைக்கு மில்லினர்ஸ் என்று ஒரு வகை இருக்கிறது. நீளமான, மெல்லிய ஊசி, காதுப் பக்கமும் தடிக்காமல் ஒரே கனமாக இருப்பதால் துணியில் அடையாளம் விடாமல் நழுவிப் போகும். 10 அல்லது 11ஆம் நம்பர் வாங்குங்கள், நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். மில்லினர்ஸ் கிடைக்காவிட்டால் அதே நம்பரில் ஷார்ப்ஸ் என்ற சாதாரணக் கைத்தையல் ஊசி போதும். நான் பயன்படுத்துவது போனி ஊசி, நம் நீலகிரியில் கேத்தியில் செய்வது.

நூலும் அப்படித்தான், நம்பர் பெரிதானால் நூல் மெலிது. 50ஆம் நம்பர் காட்டன் நூல் (ஆரிஃபில் கம்பெனி நூல் போல) தொடங்குவதற்குச் சரி. கை பழகியதும் 60, 80 என்று போகலாம், துணிக்குள் அப்படியே மறைந்துவிடும். ஒவ்வொரு துணிக்கும் நிறம் தேடி அலைய வேண்டாம். இரண்டு துண்டில் கருத்த துணியின் நிறத்துக்குக் கிட்டத்தில் எடுங்கள், பலநிறக் கலவை என்றால் நடுத்தரச் சாம்பல் நிறம் எல்லாவற்றோடும் ஒத்துப்போகும். வெள்ளைதான் எங்கும் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும்.

இனி தைக்கிற விதம். இரண்டு துண்டுகளையும் நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி சேர்த்து, மூலை மேல் மூலை வைத்து ஒரு கிளிப் மாட்டுங்கள். ஊசி விளிம்புக்கு நேர்குத்தாகப் போக வேண்டும், சாய்ந்து போனால் முன்பக்கமும் தையல் சாய்ந்து நீளமாகத் தெரியும். மடிப்பின் உச்சியில் இரண்டு மூன்று இழை மட்டும் எடுங்கள். காகிதத்தைக் குத்தக் கூடாது. குத்தினால் சத்தமே சொல்லிவிடும், ஊசி காகிதத்தை உரசினால் மெல்லிய 'சரக்' கேட்கும், துணி மட்டும் என்றால் சத்தமே இருக்காது. நான் ராத்திரியில் டிவியை அணைத்துவிட்டுத் தைப்பதே இந்தச் சத்தத்துக்காகத்தான். ஒரு இஞ்ச்சுக்கு 15 தையலாவது விழட்டும், ஒவ்வொன்றையும் நூல் படிகிற அளவுக்கு மட்டும் இழுங்கள். இறுக்கினால் மடிப்பு வரப்பு மாதிரி எழும்பி நிற்கும், துண்டுகளைத் திறக்கும்போது நூல் முன்பக்கம் எட்டிப் பார்க்கும்.

அப்படியும் தெரிந்தால் இன்னொரு வழி இருக்கிறது. துண்டுகளை எதிரெதிரே பிடிக்காமல், நல்ல பக்கம் கீழே இருக்கும்படி மேசையில் பக்கம் பக்கமாகப் படுக்க வைத்து, ஒரு டேப் ஒட்டி, பின்பக்கத்திலிருந்தே தைப்பது. தையல் முன்பக்கம் அநேகமாகத் தெரியாது. முதல் சில பூக்களுக்கு மெதுவாகத்தான் போகும், பரவாயில்லை.

நூலை முழங்கை நீளத்துக்கு மேல் எடுக்காதீர்கள், தேன்மெழுகில் ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டால் சிக்கு விழாது. நடுவிரலுக்கு அங்குஸ்தான் (ஊசி குத்தாமல் விரலில் மாட்டும் உறை) கட்டாயம். தோலில் செய்தது பழகச் சுலபம்.

சிங்கை_அறுகோணம்:

நூல்கண்டு அக்கா தையலைச் சொல்லிவிட்டார், நான் ஓட்டையைச் சொல்கிறேன். அது தைக்கும்போது வருவதில்லை, பெரும்பாலும் அதற்கு முன்னாலேயே, காகிதம் வெட்டும்போதும் துணி மடிக்கும்போதும் வந்துவிடுகிறது. பத்துத் தாளை அடுக்கிக் கத்தரியால் வெட்டினால் அடியில் இருப்பது நகர்ந்துவிடும். ஒவ்வொன்றிலும் தலைமுடி அளவு பிசகினால்கூட மூன்று மூலை சேரும் இடத்தில் அத்தனையும் ஒன்றாகத் தெரியும். அச்சில் வெட்டிய காகிதம் விலைக்குக் கிடைக்கிறது. அதை வாங்க விரும்பாவிட்டால், காகிதத்தை அறுகோணமாகவே வெட்டித்தரும் பஞ்ச் ஒன்று வாங்கிவிடுங்கள்.

காகிதத்தின் கனமும் முக்கியம். பிரிண்டரில் போடும் 80 ஜிஎஸ்எம் தாள் மடிக்கும்போதே வளைந்துபோகும், கல்யாணப் பத்திரிகை அட்டை போல் தடித்ததில் மூலை உருண்டுவிடும். 160 முதல் 200 வரை எனக்குக் கைக்கு ஏற்றதாக இருக்கிறது.

பசை பற்றி. துணியின் பிடிப்புக்குக் கோடு போட்ட மாதிரி ஒரு மெல்லிய இழுப்பு போதும், அதுவும் காகித விளிம்பிலிருந்து 3 மில்லிமீட்டராவது உள்ளே தள்ளி. விளிம்பு வரை பூசினால் ஊசி போகிற இடமெல்லாம் காய்ந்த பசை, விரல்தான் வலிக்கும். நானும் ஒருமுறை அள்ளிப் பூசி ஒரு வருஷம் பெட்டியில் போட்டுவைத்து, எடுக்கும்போது 40 காகிதம் கிழிந்து போனது. இப்போது உங்களிடம் இருப்பதற்கு, பின்பக்கம் லேசாக ஈரத்துணியால் ஒற்றி, ஐந்து நிமிஷம் விட்டு, மழுங்கிய குச்சி ஒன்றை மடிப்புக்கு அடியில் விட்டு மெதுவாகக் கிளப்பிப் பாருங்கள். சாயம் போகும் துணி என்றால் ஈரம் வேண்டாம், குச்சி மட்டும்.

நான் பசையை விட்டு நூலுக்கே திரும்பிவிட்டேன். 1 இஞ்ச் அளவுக்குக் காகிதத்தைத் துளைக்கவே வேண்டாம். ஒவ்வொரு மூலையிலும் துணி மடிப்பு மேல் மடிப்பு விழும் இடத்தில் இரண்டு தையல், அடுத்த மூலைக்குத் தாண்டல், அங்கே இரண்டு, இப்படி ஆறு மூலை. அந்தத் தையலை அப்புறம் பிரிக்கவும் வேண்டாம், காகிதம் தானாக நழுவி வரும்.

ஓட்டையை மூட: மூலைக்கு வந்ததும் அதே இடத்தில் இரண்டு தையல் போட்டுவிட்டு, மூன்றாவது துண்டின் மூலை நுனியையும் சேர்த்து ஒரு சுற்று எடுத்து மெல்ல இழுங்கள். மூன்று நுனியும் முத்தமிட்ட மாதிரி மூடிக்கொள்ளும்.

ஒரு விஷயம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இங்கே சிங்கப்பூரில் சாங்கி சிறையில் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஜப்பானியர் அடைத்துவைத்திருந்த சிறுமிகள், தங்கள் கேர்ள் கைட் (சாரணியர்) தலைவியின் பிறந்தநாளுக்கு என்று, கிடைத்த கந்தல் துணியில் இதே அறுகோணப் பூக்களைத் தைத்து ஒரு போர்வை செய்தார்கள். இன்று லண்டன் இம்பீரியல் வார் மியூசியத்தில் இருக்கிறது. ஊசியும் நூலும் அரிதாக இருந்த இடத்தில் அந்தப் பிள்ளைகள் செய்தது. ஏதாவது சரியாக வராத அன்று நான் அந்தப் படத்தை எடுத்துப் பார்ப்பேன்.

யார்க்_பெரியம்மா:

சேலையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே, நான் சொல்கிறேன் கண்ணு. என் மாமியாரின் கண்டாங்கியில் ஒரு போர்வை முடித்திருக்கிறேன்.

வெட்டுவதற்கு முன் சேலையை ஜன்னலில் பிடித்து முழுநீளமும் பார். உள்முந்தி பெரும்பாலும் உழைக்காமல் இருக்கும். காலில் உரசும் கீழ்க்கரைப் பக்கமும் கொசுவம் மடிந்த இடமும் நைந்திருக்கும், வெளிச்சம் அங்கே அதிகமாக வரும். நைந்ததை விட்டுவிடு, போர்வையில் முதலில் போவது அதுதான். பிறகு வெள்ளைத் துணித்துண்டு ஒன்றோடு சேர்த்துத் தண்ணீரில் ஊறவை. வெள்ளையில் சாயம் ஏறினால் ஏறாமல் நிற்கும்வரை தனியாக அலசு. சிவப்பும் கருநீலமும்தான் ஏமாற்றும்.

பழைய சேலை மெத்தென்று இருக்குமே, காகிதத்தில் மடிக்கும்போது இழுபட்டு வடிவம் போகும். அதனால் கஞ்சி போட்டு இஸ்திரி செய்து, அட்டை மாதிரி விறைப்பாக்கிவிட்டு வெட்டு. வழக்கமாக மடிப்புக்குக் கால் இஞ்ச் விடுவார்கள். சேலைத் துணி ஓரம் பிரியும், நீ முக்கால் இஞ்ச்சில் பாதி விடு, அதாவது ஒரு இஞ்ச்சில் எட்டில் மூன்று பங்கு. சுங்குடிப் புள்ளி துண்டின் நடுவில் விழ வேண்டுமானால் கண்ணாடி போன்ற அக்ரிலிக் அச்சை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்து வெட்டு. துணி கொஞ்சம் வீணாகும், அதனால் முதலில் கணக்குப் போட்டுவிடு. 60க்கு 80 இஞ்ச் போர்வை முழுவதும் 1 இஞ்ச் அறுகோணம் என்றால் சுமார் 1850 துண்டு. ஒன்றரை இஞ்ச் என்றால் 820தான்.

காகிதத்தை எப்போது எடுப்பது என்று குழம்பாதே, ஆறு பக்கமும் தைத்து முடிந்த துண்டில் மட்டும் எடு. ஓரத்துத் துண்டுகளில் பார்டர் வைக்கும்வரை இருக்கட்டும். காகிதத்தின் நடுவில் ஆபீஸ் பஞ்ச்சால் முன்கூட்டியே ஒரு ஓட்டை போட்டு வைத்தால் குரோஷா ஊசியை விட்டு இழுத்துவிடலாம்.

எடுக்காமலே விட்டவர்களும் உண்டு. இங்கே குயில்டர்ஸ் கில்ட் என்ற ஒட்டுத்துணிப் போர்வை தைப்பவர்கள் சங்கத்தின் சேகரிப்பில் ஒரு பட்டு ஒட்டுவேலை விரிப்பு இருக்கிறது, 1718 என்று அதிலேயே ஆண்டு தைத்திருக்கிறது. உள்ளே காகிதங்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன. 300 வருஷம் தாண்டியும் துணி எப்படி மடிக்கப்பட்டது என்று நமக்குத் தெரிவது அவற்றால்தான்.

லீட்ஸ்_மல்லிகை:

மூன்று பேருக்கும் நன்றி. 11ஆம் நம்பர் மில்லினர்ஸும் 60ஆம் நம்பர் சாம்பல் நூலும் வாங்கி, பழைய தலையணை உறையில் இரண்டு பூ தைத்துப் பார்த்தேன். ஒன்று எதிரெதிரே பிடித்து, இன்னொன்று படுக்க வைத்து. படுக்க வைத்ததில் தையலைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது, ஆனால் துண்டுகள் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. எதிரெதிரே பிடித்ததில் நேர்குத்தாகக் குத்திய பக்கங்கள் நன்றாகவே வந்திருக்கின்றன. 'சரக்' சத்தம் எனக்கும் கேட்டது!

பெரியம்மா, சேலையை ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். நீங்கள் சொன்ன இடத்தில்தான் நைந்திருக்கிறது. முந்தி நல்ல கெட்டியாக இருக்கிறது. ஒரு சந்தேகம், கரையையும் அறுகோணமாக வெட்டலாமா, இல்லை நீளமாக விட்டுப் பார்டராகத் தைக்கவா?

யார்க்_பெரியம்மா:

கரையை வெட்டாதே. நாலு பக்கமும் அப்படியே நீளமாக வை, உன் பூக்களுக்கு அது வேலி மாதிரி நிற்கும். சாயம் மட்டும் இன்னொரு தடவை பார்த்துவிடு.