பறவை வேட்டைக்கு நம்பகமான செமி ஆட்டோ ஷாட்கன்: கேஸா, இனெர்ஷியாவா?

சதுப்புக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை காலமும் கையில் இருந்தது 12 போர் (போர் என்பது குழல் அகலத்தைச் சொல்லும் எண்) ஓவர் அண்டர், அதாவது ஒன்றின் மேல் ஒன்றாகக் குழல் உள்ள இரட்டைக்குழல் ஒன்றுதான். அதில் குறை சொல்ல எதுவுமில்லை, இரண்டு தோட்டா போட்டால் இரண்டும் வெடிக்கும். ஆனால் சிறகில் அடிபட்டு நீரில் விழுந்த வாத்து நீந்திப் புதருக்குள் போகும்போது, அதை முடித்து வைக்க மூன்றாவது தோட்டா இல்லாமல் நிற்பது பிடிக்கவில்லை. அதனால் செமி ஆட்டோ வாங்கலாம் என்று இருக்கிறேன்.

விடியற்காலையில் சதுப்பில் வாத்து, அங்கே மழையும் சேறும் எப்போதும் உண்டு. மற்ற நாட்களில் காய்ந்த வயலில் புறா, அதற்கு 28 கிராம் ரவை (சிதறும் குண்டுமணிகள்) உள்ள லேசான தோட்டா. இரண்டுக்கும் ஒரே துப்பாக்கிதான் வாங்க முடியும். இனெர்ஷியாவில் பெனெல்லி எம்2, கேஸில் பெரெட்டா ஏ300 அல்டிமா, வின்செஸ்டர் எஸ்எக்ஸ்4, மூன்றும் மனதில் நிற்கின்றன. ஒருவர் இனெர்ஷியாவைத் தவிர வேறெதையும் தொடாதே என்கிறார், இன்னொருவர் கேஸ் வாங்காவிட்டால் தோள் போய்விடும் என்கிறார். தோளில் வைக்கும் கட்டையின் அழகு, செதுக்கு வேலை எதுவும் எனக்கு வேண்டாம். விசையை இழுத்தால் வெடிக்க வேண்டும், காலித் தோட்டா வெளியே போய் அடுத்தது உள்ளே ஏற வேண்டும், அவ்வளவுதான். 3½ அங்குல சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) தேவையா என்றும் சொல்லுங்கள்.

எண்ணெய்த்துணி:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: தேவையில்லை. 3 அங்குலத் தோட்டாவில் வாத்துக்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது. 3½ அங்குலம் கூஸ் (பெருவாத்து) மாதிரிப் பெரிய பறவைகளை மனதில் வைத்து வந்தது. அதைச் சுடும் செமி ஆட்டோவின் போல்ட் (சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் பாகம்) நீளமாகப் பின்னே போய் வர வேண்டும், அதே துப்பாக்கி 28 கிராம் தோட்டாவையும் தடுமாறாமல் தள்ள வேண்டும். இரண்டையும் நன்றாகச் செய்யும் துப்பாக்கிகள் இருக்கின்றன, ஆனால் நீங்கள் சுடவே போகாத தோட்டாவுக்காக ஏன் அந்தச் சுமை?

இனி கேஸ், இனெர்ஷியா சண்டை. இரண்டும் எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கேஸ் துப்பாக்கியில் குழலில் சிறு துளைகள் இருக்கும், வெடிக்கும்போது வரும் வாயுவில் கொஞ்சம் அதன் வழியே வந்து பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் போல்ட்டைத் தள்ளும். பலமான தோட்டா போட்டால் மிஞ்சிய வாயுவை ஒரு வால்வு வெளியே விட்டுவிடும். ரெமிங்டன் வெர்சா மேக்ஸில் இதையே வேறு வழியில் செய்தார்கள்: துளைகள் சேம்பருக்குள்ளேயே இருக்கும், நீளமான தோட்டா அவற்றில் சிலவற்றைத் தானே மூடிக்கொள்ளும். கெட்டிக்கார வேலை.

இனெர்ஷியாவில் வாயுவுக்கு வேலையே இல்லை. துப்பாக்கி பின்னால் உதைக்கும் கணத்தில் கனமான போல்ட் உடல் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும், அதற்கும் போல்ட் தலைக்கும் நடுவே இருக்கும் குட்டைச் சுருள்வில் அமுங்கும், பிறகு அந்த வில் விரிந்து போல்ட்டைப் பின்னே எறியும். புருனோ சிவோலானி என்ற இத்தாலியப் பொறியாளர் உருவாக்கியது, 1967-இல் தொடங்கிய பெனெல்லி கம்பெனிக்குப் பேர் வாங்கித் தந்ததே இதுதான். புகையும் கரியும் குழல் வழியாகவே போய்விடுவதால் உள்ளே சுத்தமாக இருக்கும். நாள் முழுக்கச் சுட்டுவிட்டுக் கழற்றிப் பாருங்கள், கேஸ் துப்பாக்கியின் பிஸ்டன் மேல் கரி ஓடு போலப் படிந்திருக்கும், இனெர்ஷியாவில் துணியால் ஒரு துடைப்புப் போதும்.

ஆனால் இது உதைப்பை நம்பி ஓடும் இயந்திரம் என்பதை மறக்கக் கூடாது. மரத்திலோ பாறையிலோ கட்டையை அழுத்தி வைத்துச் சுட்டால், அல்லது துப்பாக்கியில் எடையாக எதையாவது மாட்டினால், உதைப்பு குறைந்து காலித் தோட்டா முழுதாக வெளியே போகாமல் அது வெளியேறும் திறப்பில் மாட்டும். புதிதாக இருக்கும்போது வில் இறுக்கமாக இருக்கும், 24 கிராம் தோட்டாவுக்கு முரண்டு பிடிக்கலாம். தொடக்கத்தில் சில பெட்டி 32 கிராம் தோட்டா சுட்டுப் பழக்கிவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

சேற்றிலும் மழையிலும் உழல்கிறவர் என்பதால் என் ஓட்டு இனெர்ஷியாவுக்கு.

நிதானம்:

எண்ணெய்த்துணி சொன்னதில் தப்பு இல்லை, ஆனால் தோளைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. 12 போர் இனெர்ஷியா துப்பாக்கிகள் பல 3.2 கிலோ பக்கம் இருக்கும், கேஸ் துப்பாக்கி 3.5 கிலோ வரை போகும். அந்த எடை ஒரு பக்கம், கேஸ் உதைப்பைக் கொஞ்சம் நீட்டி மெதுவாகத் தருவது இன்னொரு பக்கம். புறா சுடும் மதியத்தில் இரண்டு மூன்று பெட்டி காலியாகும்போது அந்த வித்தியாசம் கன்னத்திலும் தோளிலும் தெரியும். தோள் வலித்தால் அடுத்த அடியில் தானாகவே முகம் சுளிப்போம், விசையைச் சுண்டுவோம், பறவை போய்விடும். அதற்குப் பேர் நம்பகமா?

கரி படிகிறது என்பதும் பழைய பயம். இன்றைய கேஸ் துப்பாக்கிகளில் பிஸ்டனைக் கழற்றித் துடைப்பது ஒரு தேநீர் ஆறும் நேர வேலை. அதைக்கூடச் செய்ய மாட்டேன் என்பவர் இனெர்ஷியா வாங்கினாலும் ஒருநாள் மாட்டிக்கொள்வார்.

எண்ணெய்த்துணி:

தேநீர் ஆறும் நேரம், சரி. ஈரத்தில் நனைந்து, விரல் விறைத்து, இருட்டில் வீடு வந்த பிறகு அதைச் செய்கிறவர் எத்தனை பேர் நண்பரே? நான் இயந்திரத்தை மட்டும் பார்க்கவில்லை, வைத்திருப்பவரின் சோம்பலையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுகிறேன்.

வலசைப்பறவை:

நீங்கள் இருவரும் சண்டை போடுங்கள், நான் கேள்வி கேட்டவரிடம் பேசுகிறேன்.

சகோ, அந்த மூன்றில் எதை வாங்கினாலும் இயந்திரம் உங்களைக் கைவிடாது. பறவை தப்புவது பெரும்பாலும் கட்டை பொருந்தாததால். கடையில் முதலில் போல்ட்டைத் திறந்து, சேம்பரிலும் மேகசினிலும் (மற்ற தோட்டாக்கள் காத்திருக்கும் குழாய்) தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். பிறகு பாதுகாப்பான திசையில் தூரத்துச் சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டு கண்ணை மூடி, வழக்கம்போலத் தோளில் ஏற்றிக் கன்னத்தை வைத்து, கண்ணைத் திறங்கள். முன்மணி (குழல் முனையில் உள்ள குறிமணி) நேராகத் தெரிந்து, ரிப் (குழல் மேல் ஓடும் பட்டை) லேசாகத் தட்டையாகத் தெரிந்தால் நல்லது. ரிப் முழுக்க ஏறு பாதை மாதிரி தெரிந்தால் ரவை மேலே போகும். துப்பாக்கியின் முதுகு மட்டுமே தெரிந்தால் கட்டை உங்களுக்குத் தாழ்வு, ரவை கீழே போகும். இப்போது பல செமி ஆட்டோக்களுடன் கட்டைக்கும் உடலுக்கும் நடுவே வைக்கும் ஷிம் தகடுகள் வரும், கொஞ்சம் ஏற்றி இறக்கி, இடம் வலம் தள்ளிக்கொள்ளலாம். மூன்றையும் இப்படித் தோளில் வைத்துப் பார்க்காமல் பெயரைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள்.

நான் இடது கைக்காரி, அதனால் இதையும் சேர்க்கிறேன்: வலது பக்கம் தோட்டா தள்ளும் துப்பாக்கியை இடது தோளில் வைத்தால் காலித் தோட்டா மூக்குக்கு முன்னால் பறக்கும். பழகிவிடலாம்தான், ஆனால் சில மாடல்கள் இடது கைக்கென்றே வருகின்றன, இருந்தால் அதையே வாங்குங்கள்.

அப்புறம் தோட்டா. வாத்துக்கு ஈயம் பல நாடுகளில் கூடாது, அமெரிக்காவில் 1991 முதல் நீர்ப்பறவைக்கு நாடு முழுக்கத் தடை, ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 முதல் ஈரநிலங்களில் தடை. எஃகு ரவை ஈயத்தைவிட எடை குறைவு, அதனால் இரண்டு அளவு பெரிய ரவை போட வேண்டும், எண் குறைந்தால் ரவை பெரிது: ஈயத்தில் 4-ஆம் எண் சுட்டவர் எஃகில் 2-ஆம் எண். எஃகு இறுகியது, சோக்கில் (குழல் முனையின் குறுக்கம்) ஈயம் மாதிரி நசுங்காது. பெரிய எஃகு ரவைக்கு இறுக்கமான ஃபுல் சோக் வேண்டாம், நடுத்தரமான மாடிஃபைடு போதும். உங்கள் பழைய ஓவர் அண்டரில் எஃகு சுடலாமா என்று குழலில் உள்ள முத்திரையையும் பாருங்கள். மேகசினில் ஏறும் தோட்டாக்களைக் குறைக்கும் பிளக்கை மறக்காதீர்கள், அமெரிக்காவில் வலசை வரும் பறவைகளுக்குச் சேம்பரும் மேகசினும் சேர்த்து மொத்தம் மூன்று தோட்டாதான். உங்கள் பகுதிச் சட்டத்தைப் பார்த்துவிட்டு அதற்கு ஏற்ற பிளக்கோடு கிளம்புங்கள்.

சதுப்புக்கரை:

மிக்க நன்றி எல்லோருக்கும். வலசைப்பறவை சொன்னபடி மூன்றையும் தோளில் வைத்துப் பார்த்தேன். எஸ்எக்ஸ்4 கொஞ்சம் நீளமாகத் தோன்றியது. எம்2, ஏ300 இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி உட்கார்ந்தன. எம்2 கையில் லேசாக இருக்கிறது, அது பிடித்தது. ஆனால் ஒருவர் அதில் 'க்ளிக்' என்று மட்டும் கேட்டு வெடிக்காமல் போகும் என்றார். அது என்ன? இன்னொன்று, ஒரு பழைய ஆட்டோ 5 நல்ல நிலையில் இருப்பதாகச் சொல்கிறார்கள், அதைப் பார்க்கலாமா?

எண்ணெய்த்துணி:

அந்த க்ளிக் உண்மைதான். இனெர்ஷியா துப்பாக்கியில் போல்ட் தலை சுழன்று பூட்ட வேண்டும். சத்தம் வரக் கூடாது என்று போல்ட்டைக் கையால் மெல்ல விட்டாலோ, தோட்டா ஏற்றிய துப்பாக்கியைத் தரையில் கட்டை மோத வைத்தாலோ, போல்ட் ஒரு மயிரிழை பின்னே வந்து பூட்டு முழுதாக விழாமல் நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் மூடியது போலவே இருக்கும், விசையை இழுத்தால் க்ளிக் மட்டும். மருந்து எளிது: போல்ட்டை அதன் வேகத்தில் அறைந்து மூட விடுங்கள், மெல்ல மூட வேண்டியிருந்தால் கடைசியில் கைப்பிடியைக் கட்டை விரலால் முன்னே ஒரு தள்ளு தள்ளுங்கள். பெனெல்லியின் சூப்பர் பிளாக் ஈகிள் 3-இல் இதற்கென்றே ஒரு பூட்டும் ஏற்பாடு சேர்த்தார்கள்.

எம்2-வில் நான் முக்கியமாகப் பார்ப்பது வேறு. போல்ட்டை முன்னே தள்ளும் வில் கட்டைக்குள் ஒரு குழாயில் இருக்கிறது. சதுப்பில் நனைந்த துப்பாக்கியில் நீர் அங்கே இறங்கினால் வெளியே வர வழியில்லை, வில் துருப்பிடிக்கும், போல்ட் வழக்கத்தைவிடச் சோம்பலாக மூடும். அந்தச் சோம்பலைக் கண்டால் கட்டையைக் கழற்ற வேண்டிய நேரம் என்று அர்த்தம். இன்னொரு இனெர்ஷியா துப்பாக்கியான ஃபிராங்கி அஃபினிட்டியில் அதே வில் மேகசின் குழாயைச் சுற்றி முன்கட்டைக்குள் இருக்கிறது, கழற்றித் துடைப்பது சுலபம். சதுப்புக்காரர் என்றால் அதையும் ஒருமுறை தோளில் வைத்துப் பாருங்கள்.

நிதானம்:

ஆட்டோ 5 பற்றி நான். ஜான் பிரவுனிங் வடிவமைத்து 1902 முதல் எஃப்என் கம்பெனி செய்த துப்பாக்கி, கூன் முதுகோடு இருக்கும், அருமையான சாமான். குழலும் போல்ட்டும் பூட்டியபடியே சேர்ந்து பின்னே போய் வரும். 2012-இல் வந்த புது ஏ5 முதுகில் மட்டும்தான் அதற்குச் சொந்தம், உள்ளே இனெர்ஷியா.

பழையதை வாங்குவதானால் முன்கட்டையைக் கழற்றி உராய்வு வளையங்களைப் பாருங்கள். லேசான தோட்டாவுக்கு ஒரு வரிசை, பலமானதற்கு வேறு வரிசை. மாற்றி வைத்தால் லேசான தோட்டா வெளியே போகாது, அல்லது பலமான தோட்டாவில் குழல் வந்து உடலில் மோதும். முன்கட்டை விரிசலுக்கு அதுவே வழக்கமான காரணம், கட்டை உடலைத் தொடும் இடத்தில் நகத்தால் வருடிப் பாருங்கள். ஆனால் நீங்கள் காலையில் எஃகு, மதியம் 28 கிராம் ஈயம் என்று மாற்றிச் சுடுகிறவர், ஒவ்வொரு முறையும் வளையத்தை மாற்றப் போகிறீர்களா? பழைய குழலில் எஃகு என்பதும் கூடாத காரியம். புறாவுக்கு மட்டும் என்றால் வாங்குங்கள், இந்த வேலைக்கு வேண்டாம்.

வலசைப்பறவை:

ஒன்று விட்டுப் போனது. எதை வாங்கினாலும், மலிவுத் தோட்டாவின் எஃகுத் தலை சேம்பரில் ஒட்டிக்கொண்டு வெளியே வர அடம் பிடித்தால் உடனே துப்பாக்கியைக் குறை சொல்லாதீர்கள். சேம்பரில் துருப் புள்ளியோ பிளாஸ்டிக் படிவோ இருக்கும். குழலைக் கழற்றி, தூரிகையில் மெல்லிய 0000 எஃகுப் பஞ்சு சுற்றிச் சேம்பரை மட்டும் தேய்த்துத் துடைத்தால் பலமுறை அங்கேயே சரியாகிவிடும்.

வீட்டில் 20 போர் துப்பாக்கியும் இருந்தால், அந்தத் தோட்டா ஒன்று கூட 12 போர் பையில் விழக் கூடாது. 20 போர் தோட்டா 12 போர் குழலுக்குள் வழுக்கிப் போய் நடுவில் உட்கார்ந்துகொள்ளும், பின்னால் 12 போர் தோட்டாவும் ஏறும், சுட்டால் குழல் பிளக்கும். அதனால்தான் 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம்.

சதுப்புக்கரை:

20 போர் வீட்டில் இல்லை, ஆனாலும் குறித்துக்கொண்டேன். ஆட்டோ 5 ஆசையை விட்டாயிற்று. அஃபினிட்டியைத் தேடிப் பார்த்துத் தோளில் வைத்துப் பார்த்துவிட்டு, அதற்கும் ஏ300-க்கும் நடுவில் முடிவு செய்கிறேன். வாங்கியதும் வாத்துக்குப் போகும் முன் 36 மீட்டரில் தாள் கட்டி எஃகு 2-ஆம் எண் எப்படிப் பரவுகிறது என்று பார்த்து இங்கே படம் போடுகிறேன்.

நிதானம்:

76 சென்டிமீட்டர் வட்டம் போட்டு அதற்குள் விழுந்த ரவைத் துளைகளை எண்ணுங்கள். சுட்ட பிறகே, ரவை அடர்த்தியாக விழுந்த இடத்தைச் சுற்றி வட்டம் போட வேண்டும், முன்னாலேயே அல்ல. ஒரே தோட்டாவில் ஐந்து தாளாவது சுடுங்கள், ஒரு தாளை வைத்து எதையும் சொல்ல முடியாது.