வேலையை விட்டுட்டு ஊருக்குப் போகலாமா? கண்மாய்ப் பாசன ஊர்க்காரங்க கொஞ்சம் சொல்லுங்க

மேடவாக்கத்துல இருந்து (கேள்வி)

வயசு 42. சோழிங்கநல்லூர்ல ஒரு ஐடி கம்பெனியில சப்போர்ட் வேலை, 17 வருஷமா ஒரே இடம். சொந்த ஊர் காளையார்கோவில் பக்கம். அப்பாவுக்கு 72. போன ஆடியில பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துடுச்சு. இப்போ கோல் ஊன்றி வாசல் வரைக்கும் நடக்குறார். அம்மாதான் எல்லாம் பார்க்குறாங்க.

பத்து மாசமா ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா வெள்ளி ராத்திரி கிளாம்பாக்கத்துல பஸ் ஏறுறேன். ஞாயிறு ராத்திரி திரும்ப பஸ், திங்கள் காலைல பல்லு விளக்கிட்டு லாகின். ஊர்ல கிடைக்கிற ஒன்றரை நாளும் மருந்து, பேங்க், ரேஷன்னு ஓடிடும். அப்பாகிட்ட உட்கார்ந்து பேசின ஞாபகமே இல்ல.

ஐப்பசி மழைக்கு, கண்மாய்க்குத் தண்ணி கொண்டு வர்ற வரத்துக்கால்ல முதல் தண்ணி வந்த அன்னிக்கு யாரோ அவரை பைக்ல கூட்டிட்டுப் போயிருக்காங்க. வீடியோ கால் போட்டு, "பாருப்பா, நுரை தள்ளிக்கிட்டு வருது"ன்னு போனைத் திருப்பினார். கை நடுங்குனதுல எனக்கு ஆகாயமும் ஒரு பனைமர உச்சியும்தான் தெரிஞ்சது. "தெரியுதுப்பா"ன்னேன். அப்பவும் ஒரு மீட்டிங்லதான் இருந்தேன், மியூட்ல.

கணக்கு இது: கைக்கு வர்றது 1,12,000. ஃபிளாட் இஎம்ஐ 31,000, இன்னும் 8 வருஷம் இருக்கு. வித்தா கடன் போக 28 லட்சம் மிஞ்சலாம். மனைவி தனியார் பள்ளி டீச்சர், 24,000. பொண்ணு ஏழாவது. ஊர்ல நஞ்சை 2 ஏக்கர் 40 சென்ட், ஒரு போகம்தான்.

அப்பா பக்கத்துல இருக்கணும். அதோட ஊர்க் கண்மாய்க்கு ஏதாவது செய்யணும்னும் ஆசை. உள்வாய், அதாவது தண்ணி நிக்கிற பரப்பு, முழுக்கச் சீமைக்கருவேலம். ரெண்டாம் மடை ஷட்டர் உடைஞ்சு சாக்குல மண்ணைக் கட்டி அடைச்சிருக்காங்க. நாலு பேரைச் சேர்த்தா முடியும்னு தோணுது. இப்படிப் போனவங்க இருந்தா, நல்லதை மட்டும் சொல்லாம முழுசா சொல்லுங்க.

அறந்தாங்கி அக்கா

தம்பி, நாங்க 2019ல வந்தோம். முதல் ஒரு வருஷம் "அவங்களுக்கு வேலை போயிருச்சாம்"னுதான் ஊர்ப் பேச்சு. என் மாமியாரே ரொம்ப நாள் அப்படித்தான் நினைச்சிருந்தாங்க, எங்ககிட்ட கேட்கத் தயங்கியிருக்காங்க பாவம்.

ஊர்ல செலவு கம்மின்னு கணக்குப் போட்டுடாதீங்க. வாடகையும் பெட்ரோலும் மிச்சமாச்சு, மொய்யில போச்சு. ஒரு ஆவணியில மட்டும் 23 பத்திரிகை! மெட்ராஸ்ல இருந்தப்போ போன்ல 500 அனுப்பிட்டா முடிஞ்சது. உள்ளூர்ல இருந்துட்டு அப்படிச் செய்ய முடியுமா? நேர்ல போகணும், முறை செய்யணும்.

அப்பா விஷயம் சொல்றேன். மக்களைத் தேடி மருத்துவத்துல பேர் கொடுத்திருக்கீங்களா? 2021ல ஆரம்பிச்ச திட்டம். பிபி, சுகர் மாத்திரை வீட்டுக்கே வரும், பிசியோதெரபிக்கும் ஆள் வருவாங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துல சொன்னா போதும். எங்க மாமனாருக்கு அந்தப் பொண்ணு வந்துதான் சட்டை பட்டன் போடுற அளவுக்குக் கை திரும்புச்சு. கடைசி பட்டன் மட்டும் இன்னும் அத்தைதான் போடுறாங்க. அது பழக்கதோஷம்னு நினைக்கிறேன். நீங்க வேலையை விடுறதுக்கு முன்னாடி, இந்த வாரமே செய்ய வேண்டியது இது.

கணக்குப்பிள்ளை

ராஜினாமாவுக்கு முன்னாடி ஹெச்ஆர்கிட்ட ஒண்ணு கேளுங்க. கம்பெனி மெடிக்கல் பாலிசியில அப்பா அம்மா பேர் இருக்கா? இருந்தா, அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியோட தனிநபர் பாலிசிக்கு மாத்த வழி உண்டு. வெளியேறிட்டு அலையாம, உள்ளே இருக்கும்போதே ஆரம்பிங்க. பக்கவாதம் வந்தவருக்கு வெளியே புதுசா பாலிசி கிடைக்கிறது குதிரைக்கொம்பு. ஊர்ல அவங்களுக்குத் தனி ரேஷன் கார்டு இருந்து, வருஷ வருமானம் 1,20,000க்குள்ளன்னா முதலமைச்சர் காப்பீடு இருக்கு, குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை.

கிராஜுவிட்டிக்குக் கையில வர்ற சம்பளத்தைப் போட்டு ஏமாறாதீங்க, பேசிக்கை ஒட்டின தொகைதான் கணக்கு. அது 48,000ன்னு வைங்க. 26ஆல வகுத்து, 15ஆல பெருக்கி, 17 வருஷத்தால பெருக்கினா சுமார் 4,70,000. பிஎஃப்ல பென்ஷன் பங்கு தனி. 10 வருஷம் தாண்டிட்டீங்க, அதை மொத்தமா எடுக்க முடியாது, 58 வயசுல பென்ஷனா வரும். மீதி பிஎஃப்பை உடைச்சு கடனை அடைக்கிற யோசனை வந்தா ரெண்டு நாள் தூங்கி எழுந்திருங்க.

ஃபிளாட்டை உடனே விக்காதீங்க. வாடகைக்கு விட்டுட்டுப் போனா திரும்பி வர ஒரு வாசல் இருக்கும்.

மடைமுகம்

எங்க ஊர்லயும் கண்மாய்தான். முப்பது வருஷமா பாசனச் சங்கத்துல இருக்கேன், கசப்பா சொன்னா கோபப்படாதீங்க.

உங்க கண்மாய் யாருது? ஆயக்கட்டு, அதாவது அதுல பாயுற வயல் பரப்பு, 40 ஹெக்டேர் (சுமார் நூறு ஏக்கர்) தாண்டினா நீர்வளத்துறை. குறைஞ்சா ஊராட்சி ஒன்றியம். இது தெரியாம ஆபீஸ் ஏறினா அங்க போ இங்க போன்னு ஒரு வருஷம் ஓடிரும். வண்டல் அள்ளுறதுக்கு 2024ல இருந்து தாசில்தார் அனுமதி போதும், விவசாயத்துக்குக் காசு கிடையாது. கருவேலத்தை நீங்களா வெட்டக் கூடாது, அது ஏலத்துக்குரிய மரம். அப்புறம், அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிறவங்களும் உங்க ஊர்க்காரங்கதான். மீன்பாசி ஏலம் (கண்மாய்ல மீன் பிடிக்கிற உரிமை) எடுத்தவன் கடைசித் தண்ணி நிக்கணும்பான், கடைமடைக்காரன் திறந்துவிடும்பான். உள்வாய்ல ஆக்கிரமிப்பை எடுக்கணும்னு அளந்தீங்கன்னா முதல் கல்லு உங்க பெரியப்பா வயல்லதான் விழும். எனக்கு விழுந்துச்சு. எட்டு வருஷம் அந்த வீட்டுல கை நனைக்கல.

நாலு பேரைச் சேர்த்தா முடியும்ங்கிறீங்க. ஷட்டர் மாத்துறது பெருசில்ல தம்பி, ஒரு வெல்டர் போதும். மாத்தின பிறகு தண்ணியை யாருக்கு முதல்ல விடுவீங்க? ரெண்டாம் மடையில முறை என்ன, எந்த வயலுக்கு அப்புறம் எந்த வயல்? உங்க அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கும். முதல்ல அதை எழுதி வாங்குங்க. அப்புறம் கிராம சபைக்குப் போங்க, அடுத்தது ஆகஸ்ட் 15. முதல் கூட்டத்துல பேசாதீங்க. பின்னால உட்கார்ந்து கேளுங்க.

வீட்டுக்காரம்மா

எல்லாம் சரி, உங்க மனைவி என்ன சொன்னாங்க? மொத்தப் பதிவுலயும் அவங்க 24,000 ரூபாயா மட்டும்தான் இருக்காங்க.

மேடவாக்கத்துல இருந்து

கடைசிக் கேள்வியைப் படிச்சுட்டு அவ சிரிச்சா. அப்புறம் சிரிக்காம சொன்னா: "நீங்க கண்மாய்க் கரையில நிப்பீங்க. மாமாவைக் குளிப்பாட்டுறது யாரு, அதைச் சொல்லுங்க முதல்ல." பதில் சொல்ல எனக்கு ரெண்டு நாள் ஆச்சு.

இப்போதைக்கு ராஜினாமா இல்ல. புரட்டாசியில இருந்து மூணு மாசம் சம்பளமில்லா விடுப்பு கேட்டிருக்கேன். மேனேஜர் இன்னும் வாய் திறக்கல. அவளும் பொண்ணும் முழுப்பரீட்சை வரை மேடவாக்கத்துலயே. குளிப்பாட்டுறது நான்தான், அது பேசி முடிவாச்சு. இந்த வாரம் ஊருக்கு வந்தப்போ சுகாதார நிலையத்துல பேர் கொடுத்தாச்சு, நன்றி அக்கா.

மடைமுகம் அண்ணே, நேத்து அப்பாகிட்ட ரெண்டாம் மடை முறையைக் கேட்டேன். பக்கவாதத்துக்கு அப்புறம் அவர் இவ்வளவு நேரம் பேசி நான் பார்த்ததில்ல. நாக்கு குழறுது, ஆனா வயல் வரிசை குழறல. பட்டப்பேர், செத்துப்போனவங்க, வித்துட்டுப் போனவங்க எல்லாம் சேர்த்துச் சொல்றார். பொண்ணோட பழைய ரஃப் நோட்டுல எழுதிக்கிட்டே வந்தேன். 17ஆவது வயல்ல நின்னுட்டார். கண்ணை மூடி யோசிக்கிறார், வரல.

அடுப்படியில இருந்து அம்மா சொன்னாங்க, "புளியமரத்துக்காரங்க வயலு." அதுக்கு அப்புறம் இருந்த 14ஐயும் அவங்கதான் சொன்னாங்க, தோசையைத் திருப்பிப் போட்டுக்கிட்டே.