பெயர்பெற்ற நிறுவனங்களின் ஹெட்போன்கள்: கொடுக்கும் விலைக்கு ஒலியும் சுகமும் கிடைக்கின்றனவா?

கல்லடி வாசி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். மட்டக்களப்பு வடமோடி, தென்மோடிக் கூத்துகளின் பழைய ஒலிநாடாப் பதிவுகளைக் கணினியில் ஏற்றி, அவற்றின் பாட்டு வரிகளைக் கேட்டு எழுதும் வேலையில் ஈடுபட்டிருக்கிறேன். கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரின் குரல் ஓரளவு தெளிவாகவே கேட்கிறது. ஆனால், மத்தளமும் சல்லாரி எனும் கைத்தாளமும் ஓங்கும் இடங்களில் பிற்பாட்டுக்காரர்கள் என்ன பாடுகிறார்கள் என்பது, கைபேசியுடன் கிடைத்த இயர்போனில் எத்தனை தடவை திருப்பிக் கேட்டாலும் பிடிபடுவதில்லை. அலுவல் காரணமாக அடிக்கடி கொழும்புக்குப் போய்வர வேண்டியிருப்பதால், உதயதேவி ரயிலில் இருக்கும் நேரத்திலும் இதே வேலையைத் தொடர விரும்புகிறேன்.

நல்ல ஹெட்போன் ஒன்று வாங்கலாம் என்று விசாரித்தால், ஒருவர் போஸ் என்கிறார், இன்னொருவர் சோனி என்கிறார், வெளிநாட்டிலிருக்கும் மைத்துனர் பீட்ஸ் வாங்கி அனுப்பவா என்று கேட்கிறார். சொல்லப்படும் விலைகளோ ஒரு நடுத்தரக் கைபேசியின் விலையைத் தொடுகின்றன. அந்தப் பணத்தில் எவ்வளவு ஒலிக்கு, எவ்வளவு சுகத்துக்கு, எவ்வளவு பெயருக்குப் போகிறது என்பதை அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். நான் மூக்குக்கண்ணாடி அணிபவன் என்பதையும், கச்சான் என்னும் வெப்பக் காற்று வீசும் மாதங்களில் எங்கள் வீட்டில் மின்விசிறிக்குக் கீழேயே வியர்க்கும் என்பதையும் கருத்திற் கொள்ளுங்கள்.

ஆரையம்பதி ஒலிப்பதிவாளர்:

என்ன வேலைக்கு என்பதை முதலிலேயே சொல்லிவிட்டதால் பதில் சொல்வது எளிதாகிறது. உங்களுக்குப் பிற்பாட்டு கேட்காமற் போவதற்கு அந்த இயர்போனின் மலிவு மட்டும் காரணமாக இராது. பெரும்பாலும் அது தாழ்ந்த ஒலிகளைத் தூக்கிக் கொடுப்பதே காரணமாக இருக்கும். உரத்த தாழ்ந்த ஒலி ஒன்று தனக்கு மேலேயுள்ள மெல்லிய ஒலிகளைக் காது உணராதபடி மறைத்துவிடும் இயல்புடையது. மத்தளத்தின் அடி மிகையாகக் கேட்கும் எந்தக் கருவியிலும், அதன் விலை எவ்வளவாக இருந்தாலும், பின்னால் நிற்கும் குரல்கள் மங்கியே போகும். சந்தையில் அதிகம் பேசப்படும் ஹெட்போன்கள் பலவற்றில் இந்தக் குணம் இன்னும் கூடுதலாக உண்டு. கடையில் சிறிது நேரம் மட்டும் கேட்டுப் பார்க்கும் வாடிக்கையாளரை முதலில் வசப்படுத்துவது 'பேஸ்' எனப்படும் தாழ்ந்த ஒலியே என்பதை விற்பவர்கள் நன்கு அறிவார்கள்.

பீட்ஸ் நிறுவனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ராப் இசைக்கலைஞர் டொக்டர் ட்ரேயும் இசைத் தயாரிப்பாளர் ஜிம்மி அயோவினும் 2006இல் தொடங்கிய அந்த நிறுவனம், ஹிப்-ஹொப் கேட்பவர்களை மனத்திற் கொண்டே தன் ஹெட்போன்களை 2008 முதல் சந்தைக்கு விட்டது. அந்த இசைக்கு அவற்றின் குணம் பொருத்தமானதுதான். 2014இல் அப்பிள் அந்த நிறுவனத்தை 300 கோடி டொலருக்கு வாங்கியபோது, அதன் இசைச் சேவைக்கும் பெயருக்குமே பெரும்பகுதியைக் கொடுத்தது என்பது என் எண்ணம். கூத்துப் பதிவு கேட்டு எழுதுபவருக்கு அந்தப் பெயரால் ஒரு வரியும் கூடுதலாகக் கேட்கப்போவதில்லை. மைத்துனரிடம் வேறு ஏதாவது கேளுங்கள்.

விலைக்கும் ஒலிக்கும் உள்ள உறவைப் பற்றி ஊகத்தை விட உறுதியான ஒன்றையும் சொல்லலாம். அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் ஆய்விதழ் ஒன்றில் 2017இல் வெளியான ஆய்வு, 283 ஹெட்போன்கள் ஒவ்வொரு மீடிறனையும் (அதிர்வெண்ணையும்) எவ்வளவு உரப்பாக வெளியிடுகின்றன என்ற அளவீடுகளை எடுத்து, அவற்றை விற்பனை விலையோடு ஒப்பிட்டது. இரண்டுக்கும் இடையில் எந்தத் தொடர்பும் காணப்படவில்லை. இதற்கு விலையுயர்ந்தவை எல்லாம் மோசமானவை என்று பொருளில்லை. விலைச்சீட்டைப் பார்த்து ஒலியின் செம்மையைக் கணிக்க முடியாது என்பதே பொருள்.

ஒலிப்பதிவுக் கூடங்களில் பலரும் வைத்திருப்பது 1991இல் வெளிவந்து இன்றுவரை விற்பனையாகும் சோனி எம்.டி.ஆர்.-7506. அமெரிக்காவில் அதன் விலை ஏறத்தாழ 100 டொலர். அதே சோனியின் புளூடூத் ஹெட்போனான டபிள்யூ.எச்.-1000எக்ஸ்.எம்.5, 2022இல் 399 டொலருக்கு வெளியானது. குரலைப் பிரித்துக் கேட்கும் வேலைக்கு நான் முதலாவதையே எடுப்பேன். மேல் சுருதிகள் அதில் சற்றுக் கூர்மையாக இருப்பதால் ஒலிநாடாவின் இரைச்சலும் கூடுதலாகக் கேட்கும்; ஆனால், பிற்பாட்டுக்காரரின் மெய்யெழுத்துகள் தெரிவதும் அந்தக் கூர்மையினால்தான். ஓடியோ-டெக்னிக்காவின் ஏ.டி.எச்.-எம்40எக்ஸ் என்பதும் இதே விலை வரிசையில் நம்பத் தகுந்தது. அதன் வயரைக் கழற்றி மாற்றலாம் என்பது ஒரு வசதி.

அக்கரைப்பற்று திருத்துநர்:

மேலே ஐயா சொன்ன ஒலி விடயங்களில் நான் தலையிடவில்லை. கைபேசிகளும் ஹெட்போன்களும் திருத்தும் கடை வைத்திருப்பவன் என்ற முறையில், பொருளின் உடலைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்கிறேன்.

எங்கள் கரையோரத்தில் ஒரு ஹெட்போனை முதலில் கொல்வது வியர்வையும் உப்புக் காற்றும்தான். காதைச் சுற்றியுள்ள மெத்தையில் போர்த்தியிருக்கும் செயற்கைத் தோல், விலை கூடிய மாதிரியானாலும் குறைந்த மாதிரியானாலும், நாளடைவில் வெடித்துச் செதில் செதிலாக உதிரும். கறுப்புத் துகள்கள் காதோரத்தில் ஒட்டியபடி கடைக்கு வருபவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். எனவே வாங்குமுன் கேட்க வேண்டிய முதற்கேள்வி, அந்த மாதிரிக்கு மாற்று மெத்தை தனியாகக் கிடைக்குமா, அதை வீட்டிலேயே மாற்றலாமா என்பதுதான். 7506இன் மெத்தை மெல்லியது, விரைவில் உதிர்வது. ஆனால் மாற்று மெத்தை மலிவு, விரலாலேயே கழற்றி மாட்டிவிடலாம். புளூடூத் ஹெட்போன்களில் இன்னொரு சிக்கல் மின்கலம். சில ஆண்டுகளில் அது வலுவிழக்கும்; உள்ளே ஒட்டி மூடியிருந்தால் மாற்றுவது பெரிய வேலை. வயர் உள்ள ஹெட்போனுக்கு அந்த ஆயுள் வரம்பு இல்லை.

அடுத்தது போலிகள். பெயர் எவ்வளவு பெரிதோ, போலியும் அவ்வளவு நேர்த்தியாக வரும். 2015இல் அமெரிக்காவில் ஒரு பொறியியலாளர் பீட்ஸ் ஹெட்போன் ஒன்றைக் கழற்றிப் பார்த்து, கையில் கனமாகத் தோன்றவேண்டும் என்பதற்காகவே உள்ளே உலோகத் துண்டுகள் வைக்கப்பட்டுள்ளன என்று எழுதியது உலகமெங்கும் பரவியது. பிறகு பார்த்தால், அவர் கழற்றியதே போலி. அசலை வாங்கிக் கழற்றியபோது அதிலும் உலோகத் துண்டுகள் இருந்தன என்பது வேறு கதை! ஒரு பொறியியலாளரையே ஏமாற்றக்கூடிய போலியை நாம் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். முகவரின் உத்தரவாதச் சீட்டு இல்லாமல், 'வெளிநாட்டிலிருந்து வந்தது, பாதி விலை' என்று யாராவது தந்தால், பணத்தைச் சட்டைப்பையிலேயே வைத்திருங்கள்.

நிந்தவூர் விரிவுரையாளர்:

இங்கே எழுதிய இருவரும் விலையுயர்ந்த ஹெட்போன் என்றாலே பெயருக்குக் கொடுக்கும் காசு என்ற முடிவை நோக்கிக் கேட்பவரைத் தள்ளுவதாக எனக்குத் தோன்றுகிறது. அதில் எனக்கு உடன்பாடில்லை. இரைச்சலை நீக்கும் தொழினுட்பம் பற்றி எவரும் பேசவில்லை. இன்றைய விலையில் ஒரு பங்கு அதற்கும் போகிறது.

போஸ் நிறுவனத்தைத் தொடங்கிய அமர் போஸ் 1978இல் விமானத்தில் பயணம் செய்தபோது, கொடுக்கப்பட்ட ஹெட்போனில் இயந்திர இரைச்சலையும் மீறி எதுவும் சரியாகக் கேட்கவில்லை என்பதிலிருந்துதான் அந்த எண்ணம் அவருக்கு வந்தது. வெளியே இருக்கும் சிறிய ஒலிவாங்கி இரைச்சலை வாங்க, உள்ளேயிருக்கும் மின்சுற்று அதற்கு நேர்மாறான அலையை உண்டாக்கி இரண்டையும் ஒன்றையொன்று அழிக்கச் செய்கிறது. பஸ் இயந்திரம், ரயிலின் இடைவிடாத உறுமல், மின்பிறப்பாக்கி போன்ற தாழ்ந்த, தொடர்ச்சியான ஒலிகளை இது வியக்கத்தக்க அளவுக்குக் குறைக்கும். பக்கத்து இருக்கையில் பேசுபவரையோ அழும் குழந்தையையோ அந்த அளவுக்குக் குறைக்காது. போஸ், சோனி போன்றவற்றின் உயர்ந்த மாதிரிகளுக்கும் மலிவானவற்றுக்கும் இடையில் இதில் உள்ள வேறுபாடு, கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய அளவுக்குப் பெரியது. ஒலியின் செம்மையில் விலை பேசாதிருக்கலாம். இரைச்சல் நீக்கத்தில் பேசுகிறது.

இது காதின் நலத்தோடும் தொடர்புடையது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கும் வரம்பு, வாரத்துக்கு 40 மணிநேரம் வரை, 80 டெசிபல் உரப்பு. ஓடும் ரயிலில் சாதாரண இயர்போனில் கேட்பவர் இரைச்சலை வெல்வதற்காக ஒலியைக் கூட்டிக்கொண்டே போய் அந்த வரம்பை அறியாமலே கடந்துவிடுவார்.

சுகத்தைப் பற்றி, எனக்கு நேரடியாகத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். ஹிஜாபுக்கு மேலாக இந்தப் பெரிய ஹெட்போன்களை அணிந்தால், துணி நடுவில் நிற்பதால் மெத்தை காதைச் சுற்றிச் சரியாக மூடாது. தாழ்ந்த ஒலிகள் கசிந்து மெலியும், இரைச்சல் நீக்கமும் பாதியாகிவிடும். அதனால் நான் காதுக்குள் பொருத்தும் வகையை ஹிஜாபுக்குள் அணிகிறேன். மூக்குக்கண்ணாடியின் காலும் இதே கசிவைத்தான் உண்டாக்கும், அதோடு காதின் பின்புறத்தில் அழுத்தவும் செய்யும். ஆகவே கண்ணாடி அணிபவருக்கு, பிடியின் இறுக்கம் குறைந்த, மெத்தை மென்மையான மாதிரியே ஏற்றது. எடையையும் பாருங்கள்: சோனியின் 1000எக்ஸ்.எம்.5 ஏறத்தாழ 250 கிராம். 2020இல் 549 டொலருக்கு வெளியான அப்பிளின் எயார்பொட்ஸ் மெக்ஸ் 385 கிராமுக்குச் சற்றுக் குறைவு. கூடக் கொடுத்த விலை அங்கே கழுத்தின் மேல் பாரமாகத்தான் உட்கார்ந்திருக்கிறது.

கல்லடி வாசி:

மூவருக்கும் மிக்க நன்றி. சகோதரி சொன்னதைப் படித்தபின், ஒரே ஹெட்போனில் வீட்டு வேலையையும் ரயில் பயணத்தையும் முடிக்க நினைத்ததுதான் என் குழப்பத்துக்குக் காரணமோ என்று எண்ணுகிறேன். இரண்டும் வாங்க வசதியில்லை. சென்ஹைசர் எச்.டி.600 என்று ஒன்றையும் ஒரு நண்பர் புகழ்ந்தார். காற்றோட்டமாக இருப்பதால் வியர்க்காது என்கிறார். அது எப்படி? இன்னொன்று, என் புதிய கைபேசியில் ஹெட்போன் துளையே இல்லை.

ஆரையம்பதி ஒலிப்பதிவாளர்:

நிந்தவூர்ச் சகோதரி இரைச்சல் நீக்கத்தைப் பற்றிச் சொன்னது முற்றிலும் சரி. பயணமே முதன்மையான தேவையாக இருந்தால் நானும் அதற்கே பணம் கொடுக்கச் சொல்வேன். ஆனால், நீங்கள் வரிகளை எழுதும் வேலை பெரும்பாலும் வீட்டில் மேசைக்கு முன்னால்தான் நடக்கும். ரயிலில் பொதுவாக ஒருமுறை கேட்டு, சந்தேகமான இடங்களின் நேரத்தைக் குறித்துக்கொள்ளலாம். அதற்கு, காதுத்துளையை நன்றாக அடைக்கும் சிலிக்கன் முனை கொண்ட சாதாரண இயர்போன் போதும்.

எச்.டி.600 அருமையான பொருள். 1997இல் வந்தது, வெல்வெட் போன்ற துணி மெத்தை, பின்புறம் திறந்த அமைப்பு, அதனால் வெக்கை தங்காது, குரல்கள் மிக இயல்பாகக் கேட்கும். ஆயினும், திறந்த அமைப்பு என்பதால் உள்ளே பாடுவது வெளியே கேட்கும், வெளியே நாய் குரைப்பது உள்ளே கேட்கும்; ரயிலுக்கு முற்றிலும் ஆகாது. அதன் மின்தடை 300 ஓம் ஆகையால் கைபேசியிலிருந்து போதிய உரப்போடு ஒலிக்காது, தனி அம்பிளிபயர் தேவைப்படும். அந்தச் செலவையும் சேர்த்துத்தான் அதன் விலையைப் பார்க்க வேண்டும். 7506 வெறும் 63 ஓம், கணினியே போதும். கைபேசிக்கு, சார்ஜ் துளையில் செருகும் சிறிய மாற்றி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அதில் பெரிய பெயர் தேட வேண்டாம், ஆனால் உங்கள் கைபேசியோடு வேலை செய்கிறதா என்று கடையிலேயே செருகிப் பாருங்கள்.

கடைக்குப் போகும்போது கூத்துப் பதிவின் ஒரு துண்டைக் கைபேசியில் கொண்டுபோங்கள். கடைக்காரர் போடும் பாட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். இரண்டு ஹெட்போன்களை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே உரப்பில் ஒலிக்கும்படி சரிசெய்த பிறகே கேளுங்கள். சற்று உரப்பாக ஒலிப்பதே நல்லதென்று காது எவருக்கும் பொய் சொல்லும். கண்ணாடியோடு குறைந்தது கால்மணிநேரமாவது அணிந்திருங்கள், கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. நாடாவின் ஒலி இடம் அல்லது வலம் என ஒரு பக்கத்தில் மட்டும் பதிவாகியிருந்தால், கணினியில் அதை மோனோவாக மாற்றி இரண்டு காதுக்கும் கொடுத்துவிட்டு, 200 ஹேர்ட்ஸுக்குக் கீழேயுள்ள தாழ்ந்த ஒலிகளைச் சற்றுக் குறைத்துப் பாருங்கள். இதைப் புதிய ஹெட்போன் வாங்குமுன் இப்போதுள்ள இயர்போனிலேயே செய்து பார்க்கலாம். பிற்பாட்டில் சில வரிகள் அப்போதே தெளிந்துவிடக்கூடும்.