சாய்ந்த பலாமரம்: ஆப்பு அடித்து விழுத்தத் தெரிந்தவர்கள் உதவுங்கள்

அண்ணாமார், வெள்ளவத்தையில் எங்கள் வளவில் பட்டுப்போன பலா ஒன்று நிற்கிறது. உயரம் சுமார் 40 அடி, அடிமரம் 16 அங்குல விட்டம். உச்சி பக்கத்து வீட்டு மதில் பக்கமாக 3 அடி சாய்ந்திருக்கிறது. பிரதேச செயலகத்தில் அனுமதி எடுத்தாயிற்று.

சாய்வுக்கு எதிர்ப்பக்கம், மரம் விழ வேண்டிய திசையில், வாய் (ஆப்பு வடிவப் பள்ளம்) வெட்டி, விட்டத்தில் பத்தில் ஒரு பங்கை அறுக்காமல் கீல் போல விட்டு, பின்வெட்டில் (வாய்க்கு மறுபக்கமிருந்து அறுக்கும் வெட்டில்) பிளாஸ்டிக் ஆப்பு அடிக்க வேண்டும், சரி. ஆப்பு ஓர் அங்குலம் தூக்கினால் உச்சி 30 முதல் 40 அங்குலம் வரை நகரும் என்பது என் கணக்கு. ஆனால் பட்ட மரத்தில் அந்தக் கீல் சட்டென்று முறிந்துவிடுமோ என்றுதான் பயம். மதிலுக்கு அப்பால் சின்னப் பிள்ளைகள் விளையாடுவார்கள்.

கயிறும் கட்டாயம் கட்ட வேண்டுமா? பக்கத்தில் நின்று பழக்கிவிடக்கூடியவர்கள் யாராவது கொழும்பில் இருக்கிறீர்களா? அதுவரை மரத்தில் கை வைக்க மாட்டேன்.