சிக்னல்ல நின்னா பிக்கப் வண்டி தடதடன்னு ஆடுதா? பார்ட்ஸ் வாங்குறதுக்கு முன்னாடி இதை ஒருதடவ படிங்க

வெளிநாடு வந்து கொஞ்ச நாள்லயே கைல இருந்த காசுக்கு ஒரு பழைய பிக்கப்பை வாங்கிட்டு, ரோட்டுல ஓடும்போது நல்லாத்தான் இருக்கு ஆனா நின்னா ஸ்டியரிங் நடுங்குது, ஆர்பிஎம் முள்ளு மேலயும் கீழயும் ஆடுது, என்ன பண்றதுன்னு கேட்டு நிறைய பேர் மெசேஜ் பண்றீங்க. தனித்தனியா டைப் பண்ணி முடியல, அதனால மொத்தமா இங்க போட்டுடறேன். நான் மெக்கானிக் இல்லைங்க. வந்த முதல் வருஷம் வாங்குன ஒரு பழைய வி6 (ஆறு சிலிண்டர்) பிக்கப் என்னை பாதி மெக்கானிக்கா ஆக்கிடுச்சு, அவ்ளோதான்.

என் கதை சுருக்கமா. ஒர்க்‌ஷாப்ல முதல்ல பிளக் மாத்தச் சொன்னாங்க, மாத்தினேன். அப்புறம் காயில்னாங்க (பிளக்குக்கு கரன்ட் குடுக்குற பார்ட்), ஆறும் மாத்தினேன். அப்புறம் த்ராட்டில் பாடி (இன்ஜினுக்குள்ள காத்து போற வாசல்) கிளீனிங். ஒவ்வொரு தடவையும் காசு போச்சு, ஆட்டம் மட்டும் போகல. கடைசில பார்த்தா இன்டேக் மேனிஃபோல்டுக்கு (சிலிண்டருக்கு காத்து கொண்டுபோற குழாய்) பின்னாடி, கண்ணுக்கே தெரியாத எடத்துல, பிசிவி வால்வுக்கு (இன்ஜின் உள்ள சேர்ற வாயுவை திரும்ப இன்டேக்குக்கு விடுறது) போற ஒரு வளைஞ்ச ரப்பர் ஹோஸ் எண்ணெய்ல ஊறி அடிப்பக்கம் கிழிஞ்சு கெடந்துச்சு. கைய விட்டு தடவிப் பார்த்தப்போதான் விரல் உள்ள போச்சு. இருந்ததுலயே மலிவான பார்ட் அதுதான்.

அதனால முதல்ல ஸ்பேனரை எடுக்காதீங்க. வண்டி எப்போ ஆடுதுன்னு ரெண்டு நாள் கவனிச்சு போன்ல குறிச்சு வைங்க. காலைல குளிர்ந்து கெடக்கும்போது மட்டுமா, சூடானதுக்கு அப்புறமா, ஏசி போட்டாலா, கியர்ல நிக்கும்போது மட்டுமான்னு. ஆர்பிஎம் முள்ளு ஆடாம அப்படியே நிக்குது, ஆனா டிரைவ்ல போட்டு பிரேக்ல நின்னா கேபின் மட்டும் அதிருது, நியூட்ரல்ல போட்டா குறையுதுன்னா இன்ஜின்ல மிஸ்ஸே (ஏதாவது சிலிண்டர்ல பெட்ரோல் சரியா எரியாம போறது) இல்லாம இருக்கலாம், இன்ஜினைத் தாங்குற மவுன்ட் ரப்பர் உக்காந்துபோயிருக்கும். இதுக்குப் போய் பிளக் மாத்துனவங்களும் இருக்காங்க. ஏசி போட்டதும் ஆர்பிஎம் விழுந்து ஆஃப் ஆகப் பாத்தா த்ராட்டில் பாடில கரி புடிச்சிருக்கா, பழைய மாடல்னா ஐடிலை (ஆக்ஸிலேட்டர் மிதிக்காம இன்ஜின் ஓடுறது) கவனிக்கிற ஐடில் கன்ட்ரோல் வால்வு ஒட்டிக்கிச்சான்னு பாருங்க. சூடான பெட்ரோல் இன்ஜின் பொதுவா 600ல இருந்து 900 ஆர்பிஎம்குள்ள ஆடாம நிக்கணும்.

அடுத்து ஒரு ஓபிடி ஸ்கேனர் (வண்டி கம்ப்யூட்டர்ல பதிவான கோளாறைப் படிக்கிறது) வாங்குங்க. கோடு (கோளாறுக்கான நம்பர்) மட்டும் காட்டுறது பத்தாது, லைவ் டேட்டா காட்டுறதா பாருங்க, சின்னதா போன்ல கனெக்ட் பண்றதே போதும். அமெரிக்க மாடல்னா 1996ல இருந்து ஓபிடி 2 கட்டாயம், மத்த நாட்டு வண்டிகள்ல அதுக்கு அப்புறம்தான் வந்துச்சு. பி0300 வந்தா எந்த சிலிண்டர்னு குறிப்பா சொல்ல முடியாம அங்கங்க மிஸ் ஆகுதுன்னு அர்த்தம். பி0301, 0302ன்னு வந்தா கடைசி நம்பர்தான் சிலிண்டர். பி0171, பி0174 வந்தா கலவைல பெட்ரோல் கம்மி, காத்து ஜாஸ்தி. செக் இன்ஜின் லைட் மின்னாம எரிஞ்சுக்கிட்டே இருந்தா மெதுவா பாத்துக்கலாம், விட்டு விட்டு மின்னுச்சுன்னா உடனே ஓரம் கட்டுங்க, எரியாத பெட்ரோல் போய் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை (வண்டிப் புகையை சுத்தம் பண்றது) கொன்னுடும், அதை மாத்துற செலவு வண்டி வெலைக்கே வந்து நிக்கும்.

ஸ்கேனர்ல எனக்கு ரொம்பப் புடிச்சது ஃப்யூல் ட்ரிம். கம்ப்யூட்டர் எவ்ளோ பெட்ரோல் சேத்தோ குறைச்சோ குடுத்து சமாளிக்குதுன்னு காட்டுற நம்பர் அது. பிளஸ் மைனஸ் 10 சதவீதத்துக்குள்ள இருந்தா பெருசா கவலையில்ல. ஐடில்ல பிளஸ் 20க்கு மேல காட்டி, 2500 ஆர்பிஎம்ல வெச்சா கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு எறங்குச்சுன்னா எங்கயோ வேக்யூம் லீக், அதாவது காத்து உள்ள நுழையுற ஓட்டை, இருக்குன்னு கிட்டத்தட்ட சொல்லிடலாம். ஏன்னா ஐடில்ல த்ராட்டில் மூடியே இருக்கும், இன்ஜின் இழுக்குற காத்தே கொஞ்சம்தான், அதுல ஓட்டை வழியா திருட்டுத்தனமா வர்ற காத்து பெரிய பங்கா ஆகிடும். ஆக்ஸிலேட்டரை மிதிச்சா உள்ள வர்ற காத்து வெள்ளத்துல அந்த ஓட்டை காணாமப்போயிடும். அதனாலதான் ரோட்டுல ஓடும்போது நல்லாருக்கு. இதுக்கு நேர்மாறா, ஐடில்ல சரியா இருந்து வேகம் ஏற ஏற ட்ரிம் ஏறுச்சுன்னா பெட்ரோல் ஃபில்டர், பம்ப், இல்ல அழுக்கான மேஃப் சென்சர் (உள்ள போற காத்தோட அளவைப் பாக்குறது) பக்கம் பாருங்க. மேஃப் இல்லாம மேப் சென்சர் (இன்டேக்ல காத்தோட அழுத்தத்தைப் பாக்குறது) வெச்ச வண்டில லீக் இருந்தா ட்ரிம்ல பெருசா தெரியாம ஐடில் மட்டும் ஏறி நிக்கும், அங்க ஏமாந்துடாதீங்க.

லீக்கைத் தேட முதல்ல காது. உஸ்ஸ்னு சத்தம் வருதா கேளுங்க, ஹோஸை எல்லாம் விரலால அமுக்கிப் பாருங்க, கல்லு மாதிரி இறுகிப்போனதும் சரியில்ல, சேறு மாதிரி கொழகொழன்னு ஆனதும் சரியில்ல. பிசிவி ஹோஸ், பிரேக் பூஸ்டர் (பிரேக்கை லேசா மிதிக்க உதவுறது) ஹோஸ், இன்டேக் கேஸ்கெட், இந்த மூணுலதான் நிறைய வாட்டி மாட்டும். பூஸ்டருக்கு ஒரு சுலபமான டெஸ்ட் இருக்கு: இன்ஜின் ஆஃப்ல பிரேக் பெடலை நாலஞ்சு தடவ மிதிச்சு இறுகுனதும் அப்படியே மிதிச்சபடி ஸ்டார்ட் பண்ணுங்க, பெடல் லேசா உள்ள எறங்கணும். எறங்கலன்னா பூஸ்டரையோ அதோட ஹோஸையோ பாருங்க, அது பிரேக் விஷயம், தள்ளிப்போடாதீங்க. காலைக் குளிர்ல மட்டும் ஆடி சூடானதும் சரியாகுதுன்னா கேஸ்கெட் மேல சந்தேகம் வைங்க. வீடியோல பாத்துட்டு கார்ப் கிளீனரை ஓடுற இன்ஜின் மேல அடிக்காதீங்க, அது சூடான எக்ஸாஸ்ட்ல பட்டா பத்திக்கும். நான் பாட்டில்ல தண்ணி ஊத்தி சின்னதா ஸ்ப்ரே பண்ணித்தான் தேடுனேன், காயில் பக்கம் போகாம இருந்தாப் போதும், லீக் இருக்க எடத்துல பட்டா இன்ஜின் சத்தம் மாறும். கிடைக்கலன்னா ஸ்மோக் டெஸ்ட் (இன்டேக்குக்குள்ள புகை விட்டு எங்க வெளிய வருதுன்னு பாக்குறது) பண்ற ஒர்க்‌ஷாப்ல அதை மட்டும் பண்ணித்தரச் சொல்லுங்க.

ஒரே சிலிண்டர் கோடுதான் வருதுன்னா வேலை சுலபம். 3ல மிஸ்னா 3 ஓட காயிலை 1க்கு மாத்தி மாட்டி, கோடை அழிச்சுட்டு ஓட்டுங்க. கோடு 0301 ஆச்சுன்னா காயில் போச்சு. 0303லயே நின்னா பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரெஷன்னு (சிலிண்டர் காத்தை எவ்ளோ அழுத்துதுன்னு) வரிசையா போகணும். ஒவ்வொரு பிளக் மேலயும் தனி காயில் இல்லாம பிளக் ஒயர் இருக்க பழைய வண்டின்னா ராத்திரி இருட்டுல பானெட்டைத் தொறந்து இன்ஜினை ஓடவிட்டுப் பாருங்க, ஒயர்ல நீலமா பொறி தெறிச்சா அதுதான் ஆளு. ஒயர் மாத்தும்போது ஒண்ணொண்ணா மாத்துங்க, மொத்தமா கழட்டுனா ஃபையரிங் ஆர்டர் (எந்த சிலிண்டருக்கு அப்புறம் எது எரியணும்ங்கிற வரிசை) கொழம்பி ஒரு நாள் போயிடும். பிளக்கை இன்ஜின் ஆறினதுக்கு அப்புறம்தான் கழட்டணும், அலுமினிய ஹெட்ல மரை போச்சுன்னா அழுதாலும் வராது.

த்ராட்டில் கிளீன் பண்றவங்களுக்கு: ஆக்ஸிலேட்டர் கேபிள் இல்லாம எலக்ட்ரானிக்கா தொறக்குற த்ராட்டில்னா தட்டை விரலால பலமா தள்ளாதீங்க, உள்ள பல்சக்கரம் போயிடும். மேஃப் சென்சருக்கு அதுக்குன்னே விக்கிற கிளீனர் மட்டும்தான். ஈஜிஆர் வால்வு (எக்ஸாஸ்ட் புகைல கொஞ்சத்தை திரும்ப இன்ஜினுக்குள்ள விடுறது) தொறந்தே ஒட்டிக்கிட்டாலும் ஐடில்ல மட்டும் இதே ஆட்டம் வரும், கரி சுரண்டுனா பல வண்டில சரியாகிடும்.

இவ்ளோ பாத்தும் ஒரு சிலிண்டர் செத்தே கெடக்குன்னா கம்ப்ரெஷன் டெஸ்ட். ரொம்பக் கம்மியா காட்டுற சிலிண்டர், அதிகமா காட்டுறதுல 75 சதவீதத்துக்குக் கீழ போனா சிக்கல். அதுல ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு திரும்பப் பாருங்க, ஏறுச்சுன்னா பிஸ்டன் ரிங், ஏறலன்னா வால்வு இல்ல ஹெட் கேஸ்கெட். இதுக்கு மேல நானே கையெடுத்துக் கும்பிட்டுடுவேன்.

குளிர் ஊருக்கு வந்தவங்களுக்கு ஒண்ணு, வெளிய குளிருதேன்னு கராஜ் கதவை மூடிட்டு இன்ஜினை ஓடவிட்டு நோண்டாதீங்க. கார்பன் மோனாக்ஸைடு வாசனையே இல்லாத விஷம், கதவு பாதி தொறந்திருந்தாலும் நம்பாதீங்க. இன்னொண்ணு, வண்டி விடுற புகைக்கு அரசு டெஸ்ட் இருக்க ஊர்ல இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தின நாள் கோடை அழிச்சோ பேட்டரியைக் கழட்டியோ போனா தப்பிக்க முடியாது, ரெடினஸ் மானிட்டர் (வண்டி கம்ப்யூட்டர் தானே பண்ணிக்கிற செக்) ரெடியாகலன்னு காட்டி திருப்பி அனுப்பிடுவாங்க, சில நாள் சாதாரணமா ஓட்டிட்டுப் போகணும்.

ஒர்க்‌ஷாப்ல "வண்டி மிஸ் அடிக்குது"ன்னு நம்ம பாஷையை அப்படியே மொழிபெயர்த்தா முழிப்பாங்க. ரஃப் ஐடில்னு சொல்லுங்க, எப்போ வருதுன்னு குறிச்சு வெச்சதைக் காட்டுங்க, டயக்னோசிஸ் மட்டும் முதல்ல பண்ணுங்க, பார்ட் மாத்துறதுக்கு முன்னாடி எந்த டெஸ்ட்ல தெரிஞ்சுதுன்னு சொல்லுங்கன்னு கேளுங்க. கேக்கறதுல தப்பே இல்ல, நான் கூச்சப்பட்டு கேக்காம இருந்ததுலதான் ஆறு காயில் போச்சு.

கீழ கேள்வி போடுறவங்க வெறும் "வண்டி ஆடுது, ஹெல்ப்"னு போடாதீங்கப்பா. மாடல் வருஷம், எத்தன சிலிண்டர், வந்த கோடு, ஐடில்லயும் 2500லயும் ட்ரிம் எவ்ளோ, சூட்டுலயா குளிர்லயா, இதெல்லாம் சேத்துப் போடுங்க. டீசல் வண்டிக்கு இதுல பாதி பொருந்தாது, அதுக்கு தனியா கேளுங்க.