1/48 எஸ்.இ.5ஏ: மேல் இறக்கையை எப்போ ஒட்டுறது, சாரல்ல பெயிண்ட் வெளுக்குறதுக்கு என்ன வழி?

குண்டாறு48 (செங்கோட்டை)

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். செய்றது எடுவார்ட் கம்பெனி பிளாஸ்டிக் கிட், 1/48 அளவு எஸ்.இ.5ஏ (முதல் உலகப்போர் காலத்து பிரிட்டிஷ் ரெட்டை அடுக்கு இறக்கைப் போர் விமானம்), வைப்பர் எஞ்சின் வகை. காக்பிட் முடிஞ்சு உடலை மூடியாச்சு. கீழ் இறக்கையும் வால் பகுதியும் ஒட்டியாச்சு. மேல் இறக்கை இன்னும் தனியாத்தான் இருக்கு. கேக்க வேண்டியது இவ்வளவுதான்:

மேல் இறக்கையை மாட்டிட்டு பெயிண்ட் அடிக்கணுமா, அடிச்சுட்டு மாட்டணுமா? கம்பிக்கு இன்னும் ஒரு துளைகூடப் போடல.

ரிக்கிங்குக்கு (இறக்கைக்கு நடுவுல கம்பி கட்டுறதுக்கு) 0.1 மி.மீ. தங்கூஸ் (நைலான் நூல்) கையில இருக்கு. போதுமா?

இறக்கையோட கீழ்ப்பக்கத்துக்கு லாக்கர் மேட் கோட் (மினுக்கில்லாத மேல்பூச்சு) அடிச்சேன், அரை மணி நேரத்துல மோர் தெளிச்ச மாதிரி வெளுத்துட்டு. இங்க சாரல் பிடிச்சிருக்கு, ஈரப்பதம் 88 சதவீதம் காட்டுது. உரிச்சுட்டுத் திரும்ப அடிக்கணுமா?

விமானத்தோட மேல்பக்கப் பூச்சான பி.சி.10 நிறத்துக்கு டாமியா பெயிண்டுல என்ன கலவை?

ஸ்ட்ரட்வேலை (மார்த்தாண்டம்)

மேல் இறக்கை ஒட்டாம இருக்குறது நல்லதுதான், அப்படியே வையுங்க. பெயிண்ட், டெக்கால் (தண்ணியில ஊறவச்சு ஒட்டுற அடையாளப் படம்), மேட் கோட் எல்லாம் முடிஞ்ச பிறகுதான் அது ஏறணும். முதல்ல ஏத்தினா ரெண்டு இறக்கைக்கும் நடுவுல ஏர்பிரஷ் (பெயிண்ட் தெளிக்கிற கருவி) நேராப் போகாது. ஓரத்துல பெயிண்ட் தூசி படிஞ்சு சொரசொரப்பா நிக்கும்.

ஆனா துளை வேலை பெயிண்டுக்கு முன்னாடியே முடியணும். பின் வைஸ் (கையால திருகுற குட்டித் துளைப்பான்), 0.3 மி.மீ. பிட். பி.சி.பி. போர்டு துளைக்கிற கார்பைட் பிட் கூர்மையா வெட்டும், ஆனா பக்கவாட்டுல கொஞ்சம் சாஞ்சாலும் படக்குன்னு ஒடியும். குறைஞ்சது பத்து பிட் வாங்கி வையுங்க.

மேல் இறக்கையோட அடியில போடுறது குருட்டுத் துளை, 1 மி.மீ. ஆழம் போதும். எதிர்ப்பக்கம் வந்துடக் கூடாது, அதனால பிட்டுல 1 மி.மீ. விட்டு மாஸ்கிங் டேப் சுத்திக்குங்க. கீழ் இறக்கையில முழுசா ஊடுருவுற துளை. இங்கதான் பலபேர் சறுக்குறது: துளையை நெட்டுக்குத்தாப் போட்டுடுவாங்க. கம்பி எந்தச் சாய்வுல வருதோ அதே சாய்வுல பிட் போகணும். இல்லேன்னா நூல் துளை வாயில முட்டி மடங்கும், கம்பி நேரா இருந்தாலும் அந்த இடத்துல ஒரு முழங்கை தெரியும். இறக்கை 5 டிகிரி மேல்நோக்கி இருக்கு, அதையும் கணக்குல எடுத்துக்கணும்.

எது எங்க போகுதுன்னு புரிஞ்சா துளை தப்பாது. பறக்கும்போது இறக்கை மேல தூக்கும். அதை இழுத்துப் பிடிக்கிற கம்பி உடலோட அடியிலிருந்து மேல் இறக்கையின் ஸ்ட்ரட் (ரெண்டு இறக்கையையும் தாங்குற கால்) தலைக்குப் போகும். தரையில நிக்கும்போது இறக்கையோட பாரத்தைத் தாங்குற கம்பி நடு ஸ்ட்ரட்டோட உச்சியிலிருந்து கீழ் இறக்கையின் ஸ்ட்ரட் அடிக்கு வரும். முன் பின் ஸ்ட்ரட்டுக்கு நடுவுல குறுக்கே ஒரு பெருக்கல் குறி. எங்கெல்லாம் ஜோடிக் கம்பின்னு கிட்டோட ரிக்கிங் படத்துல பென்சில்ல குறிச்சு வச்சுக்குங்க.

நூலை 15 செ.மீ. துண்டா வெட்டி, மேல் இறக்கையின் குருட்டுத் துளைகள்ல சூப்பர் க்ளூ தொட்டு நட்டுடுங்க. எல்லாத்தையும் சுருட்டி டேப்ல இறக்கைமேல ஒட்டி வச்சுட்டு, அப்புறம் இறக்கையை ஏத்துங்க. ஸ்ட்ரட் உக்காருற குழியில பெயிண்டைச் சுரண்டி எடுக்கணும். சிமென்ட் (பிளாஸ்டிக் மாடல் பசை) பிளாஸ்டிக்கைக் கரைச்சுத்தான் பிடிக்கும், பெயிண்ட்மேல விட்டா ரெண்டு நாள்ல கழண்டு கையில வரும்.

நிறுத்துறதுக்கு விலைகொடுத்து ஜிக் (பிடிச்சு நிறுத்துற சட்டம்) வேண்டாம். தீப்பெட்டியை அடுக்கி நடுவுல அட்டைத்துண்டு சொருகி உயரம் சரிபண்ணலாம். ரெண்டு ஸ்ட்ரட் தலையிலிருந்தும் வால் செங்குத்துத் தகடு வரைக்கும் நூல் பிடிச்சு அளங்க. வலமும் இடமும் அரை மி.மீ.க்கு மேல வித்தியாசம் வந்தா சிமென்ட் இறுகுறதுக்குள்ள திருப்பிடணும். ஒரு ராத்திரி அப்படியே விடுங்க.

மறுநாள் முதல்ல உள்ளே இருக்கிற பெருக்கல் குறி, அப்புறம் தரைக்கம்பி, கடைசியா பறக்கும் கம்பி. வலது ஒண்ணு, இடது ஒண்ணுன்னு மாத்தி மாத்தி இழுங்க. நுனியில துணி கிளிப் தொங்கவிட்டா போதும், அதுக்குமேல பாரம் போட்டா ஸ்ட்ரட் பிதுங்கிடும். துளையில துளி க்ளூ, காஞ்சதும் பிளேடால ஒட்ட வெட்டு, புட்டி, பெயிண்ட் தொடுப்பு. கீழ்ப்பக்க நிறத்தைக் கலந்தது மிச்சம் வச்சிருங்க, புதுசாக் கலந்தா திட்டு தெரியும்.

கணவாய்க்காற்று (பாலக்காடு)

வெளுத்ததைப் பத்தி மட்டும் சொல்றேன். உரிக்க அவசரப்படாதீங்க, எந்த வெளுப்புன்னு முதல்ல பாருங்க. விரலைத் தண்ணியில நனைச்சு ஒரு ஓரத்துல தடவுங்க. ஈரமா இருக்கிறவரை வெளுப்பு மறைஞ்சா அது மேற்பரப்புல மட்டும்தான். மேட் பொடி சரியாக் கலங்காம இருந்திருக்கும், இல்ல தூரத்திலிருந்து அடிச்சு வழியிலேயே காஞ்சிருக்கும். அதுக்குமேல மெல்லிசா ஒரு கிளாஸ் கோட் (மினுக்குப் பூச்சு) அடிச்சா தெளிஞ்சுடும். ஒருநாள் விட்டு, குப்பியை ரெண்டு நிமிஷம் கலக்கித் திரும்ப மேட் அடிக்கலாம்.

நனைச்சும் மறையலேன்னா ஈரம் உள்ளே மாட்டியிருக்கு. லாக்கர் தின்னர் வேகமா ஆவியாகும்போது பரப்பு குளிரும், காத்துல இருக்கிற ஈரம் அதுமேல பனியா இறங்கும், பெயிண்ட் அதோட சேர்ந்து இறுகும். இதுக்கு மெதுவா ஆவியாகுற லெவலிங் தின்னரை மட்டும், பெயிண்ட் சேர்க்காம, 15 பி.எஸ்.ஐ. காத்தழுத்தத்துல மூடுபனி மாதிரி தெளிங்க. மேல் படலம் இளகி ஈரம் வெளியேறும். நனையற அளவுக்கு அடிச்சா அடியில இருக்கிற நிறமும் கரைஞ்சு ஓடிடும், ஜாக்கிரதை.

ஹார்டுவேர் கடை என்.சி. தின்னர் பக்கமே போகாதீங்க. அது விருட்டுன்னு ஆவியாகும், வெளுப்பு இன்னும் கூடும். மெல்லிசான பிளாஸ்டிக்கையும் தின்னும். ஏர்பிரஷ் கழுவ மட்டும் ஆகும்.

சாரல் மாசங்கள்ல லாக்கரை விட்டுட்டு டாமியா அக்ரிலிக் போறது புத்திசாலித்தனம். சர்ஜிகல் கடையில கிடைக்கிற ஐசோப்ரொபைல் ஆல்கஹால்ல மெலிசாக்கலாம், அதுலயும் பத்துல ஒருபங்கு ரிடார்டர் (காயுறதைத் தாமதிக்கிற திரவம்) சேர்க்கணும். பகல் 11லிருந்து 3க்குள்ள அடிங்க. ஏ.சி. இருந்தா டிரை மோடுல ஒருமணி நேரம் ஓடவிட்டு அப்புறம் தொடங்குங்க. கம்ப்ரஸர் டேங்கை அடிக்கிறதுக்கு முன்னாடி திறந்து தண்ணியை வடிச்சுடணும், ஈரப்பொறி கிண்ணத்தை நடுவுல ரெண்டு தடவை பாக்கணும். உலர்த்த மூடி போட்ட டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும். பல்பு வைக்கிறதா இருந்தா உள்ளே 40 டிகிரி தாண்டக் கூடாது, இறக்கை முறுக்கிக்கும்.

மேகமலைமாடல் (கம்பம்)

தங்கூஸ் விஷயத்துல எனக்கு வேற கருத்து. நைலான் ஈரத்தை உறிஞ்சி நீளும். வெயில்ல விறைப்பாக் கட்டினது சாரல்ல தொய்யும். சாரல்ல கட்டினா வெயில் வந்ததும் சுருங்கி ஸ்ட்ரட்டை இழுக்கும். எலாஸ்டிக் ரிக்கிங் நூல்னா இந்தத் தொல்லை இல்ல, விரல் பட்டாலும் அறாது.

இன்னொண்ணு, இந்த விமானத்தோட இறக்கைக் கம்பி உருண்டை கிடையாது. காத்தைக் கிழிக்கத் தட்டையா இழுத்த எஃகுக் கம்பி. தட்டை எலாஸ்டிக் கிடைச்சா அதுவே சரி, தட்டைப்பக்கம் காத்து ஓடுற திசைக்கு இணையா நிக்கணும். ஒட்டும்போது முறுக்கிக்கிட்டா வெளிச்சத்துல பாம்பு மாதிரி மின்னும். திசைமாற்றியை இயக்குற கேபிள் மட்டும் உருண்டை, அதுக்கு உங்க தங்கூஸையே போடுங்க.

பி.சி.10க்கு ஒரே விடை கிடையாது. மஞ்சக்காவியும் கரியும் கலந்த பூச்சு அது, பழசாக ஆகப் பழுப்பேறும். எக்ஸ்.எஃப்-62 ஆறு பங்கு, எக்ஸ்.எஃப்-64 ஒரு பங்குன்னு தொடங்கி, கண்ணுக்குப் பச்சை தூக்கலாத் தெரிஞ்சா இன்னும் அரைப்பங்கு 64 சேருங்க. கீழ்ப்பக்கம் வார்னிஷ் பூசின துணி நிறம்: எக்ஸ்.எஃப்-57ல பாதிக்குப் பாதி வெள்ளை.

யாரோட விமானம்னு முடிவு பண்ணிட்டீங்களா? பிரிட்டிஷ் விமானப்படையோட 40ஆம் ஸ்குவாட்ரன்ல எஸ்.இ.5ஏ ஓட்டின இந்திய விமானி இந்திரலால் ராய் 1918 ஜூலையில வான்சண்டையில பத்து வெற்றி கண்டு, அதே மாசம் 22ஆம் தேதி விழுந்தப்போ வயசு 19. அவருக்காகச் செய்றதுன்னா 1918 ஏப்ரல் 1க்கு அப்புறம், அதாவது ராயல் ஏர் ஃபோர்ஸ் ஆன பிறகு உள்ள அடையாளங்களைத் தேடுங்க. உங்களுது வைப்பர், ரெட்டை இலை விசிறி (புரொப்பெல்லர்). நாலு இலை கியர் வச்ச ஹிஸ்பானோ எஞ்சினுக்கு, மாத்தி மாட்டிடாதீங்க.

குண்டாறு48 (செங்கோட்டை)

விரலை நனைச்சுப் பாத்தேன், மறையுது. அப்போ கிளாஸ் கோட். ரொம்ப நன்றி அண்ணாச்சி. ரெண்டு சந்தேகம்: எலாஸ்டிக் நூல்மேல பெயிண்ட் நிக்குமா? போன மாடல்ல டெக்கால் அடியில வெள்ளையா ஒரு வளையம் வந்துச்சு, அதுவும் ஈரம்தானா?

ஸ்ட்ரட்வேலை (மார்த்தாண்டம்)

எலாஸ்டிக்ல பெயிண்ட் நிக்காது, இழுபட்டதும் செதில் செதிலா உரியும். கருப்பு நூல் வாங்கி, கட்டி முடிச்சதும் 2பி பென்சில் முனையை மேலாப்ல ஓட்டுங்க. பழைய எஃகு மினுக்கு வந்துடும்.

டெக்கால் வளையம் வேற கதை. அது போர்வெல் தண்ணி உப்பு. டெக்கால் ஊறவைக்க பேட்டரிக்கு ஊத்துற தண்ணியை எடுங்க. வளையம் இல்லாம மொத்தமா வெள்ளி மாதிரி மின்னினா, அடியில கிளாஸ் கோட் வழவழப்பா இல்லேன்னு அர்த்தம். நம்ம பக்கம் இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை), துலாவர்ஷம் (வடகிழக்குப் பருவமழை) ரெண்டுலயும் கிளாஸ் கோட்டுக்கு 48 மணி நேரம் கொடுக்கணும், 24 பத்தாது. அப்புறம் ஒண்ணு, சூப்பர் க்ளூவும் ஈரக்காத்துல வெண்புகை கக்கி ஸ்ட்ரட்டைச் சுத்திப் பூத்துடும். ஊசி முனையில எடுத்துத் தொடுங்க, ஃபேன் மெதுவா ஓடட்டும்.

கணவாய்க்காற்று (பாலக்காடு)

கேபிளுக்கு தங்கூஸ் போட்டு தொய்ஞ்சா ஊதுபத்தியை ஒரு செ.மீ. தள்ளிப் பிடிச்சு வேகமா ஒரு ஓட்டம் ஓட்டுங்க, விறைச்சுக்கும். 0.1 மி.மீ. நூல்ல அரை நொடி நின்னா அறுந்துடும். எலாஸ்டிக் கிட்ட ஊதுபத்தியைக் கொண்டுபோகவே கூடாது, அதனால கேபிளை முதல்ல முடிச்சுட்டு எலாஸ்டிக் கட்டுங்க.