ஜாஸ் கால நாடகங்கள்: டெலிரெக்கார்டிங்கை 50 ஃபீல்டுக்கு மாற்றலாமா?

வரி625:
பிபிசி 2 அலைவரிசையில் 1968-ல் வந்த 'தி ஜாஸ் ஏஜ்' தொகுப்பில் வாராவாரம் வேறு வேறு கதை, எல்லாம் 1920-களைச் சுற்றியவை. அந்தக் காலத்து ஸ்டுடியோ நாடகங்களை 2 அங்குல நாடாவில் பதிவார்கள். நாடா விலை அதிகம் என்பதால் அழித்துவிட்டு அதிலேயே வேறொன்றைப் பதிவதும் வழக்கம். மானிட்டர் திரையை 16 மிமீ ஃபிலிமில் படமெடுத்த டெலிரெக்கார்டிங் மட்டுமே பல நாடகங்களுக்கு மிச்சம். இப்படிப்பட்ட பிரதிகளை விநாடிக்கு 50 ஃபீல்டுக்கு (ஃபீல்டு என்பது ஒரு கோடு விட்டு ஒரு கோடாக வரும் அரைப்படம்) மீட்டுத்தான் காட்ட வேண்டும் என்பது என் கட்சி. அன்று வீட்டில் இருந்தவர்கள் பார்த்தது விநாடிக்கு 50 அசைவு நிலைகள், ஃபிலிமில் இருப்பது 25. 1920-களின் சார்ல்ஸ்டன் நடனம் தடதடவென்று தெரிவதற்கு நடிகர்கள் காரணமல்ல.

கருவெள்ளை:
மீட்பது என்று சொல்லாதீர்கள். ஃபிலிமில் பதிவாகாததைக் கணினி ஊகித்து நிரப்புகிறது, அவ்வளவுதான். இரண்டு பேர் உட்கார்ந்து பேசும் காட்சியில் ஊகம் பலிக்கும். ஆட்டக் காட்சியில் கால் காலை மறைக்கும், உடையின் குஞ்சம் நாலா பக்கமும் பறக்கும். மறைந்து வெளிவரும் பகுதிக்கு முந்தைய ஃப்ரேமில் தகவலே இல்லாததால் முழங்காலைச் சுற்றி ஜெல்லி மாதிரி நெளியும். அதாவது, நீங்கள் எந்தக் காட்சிக்காக இதைச் செய்கிறீர்களோ அந்தக் காட்சிதான் முதலில் கெடும்.

வரி625:
வேலை வரிசை தப்பினால் நெளியத்தான் செய்யும். முதலில் படத்தின் நடுக்கத்தை நிறுத்த வேண்டும். அதற்கு ஃபிலிமின் ஓரத் துளைகளைப் பிடிக்கக் கூடாது, படமாக்கப்பட்ட திரையின் ஓரத்தைப் பிடிக்க வேண்டும். ஃபிலிம் பதிவுக் கேமராவிலும் ஆடியிருக்கும், ஸ்கேனரிலும் ஆடியிருக்கும். அடுத்து தூசி, கீறல், கிரெயின் (ஃபிலிமின் மணல் போன்ற புள்ளிகள்) ஆகியவற்றை நீக்க வேண்டும். இவற்றை விட்டுவைத்தால் மென்பொருள் தூசிக்கும் ஒரு பாதை போட்டுக் கொடுக்கும். ஊகம் கடைசி வேலை. அப்படியும் பலிக்காத ஷாட்டில் அசைவு கணிப்பை அணைத்துவிட்டு, பக்கத்து ஃப்ரேம்களைக் கலந்து போட்டால் போதும்.

ஒளிமுனை:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். எந்த வகை டெலிரெக்கார்டிங்? ஒரு ஃபீல்டை மட்டும் பதிந்து, அடுத்த ஃபீல்டு நேரத்தில் ஃபிலிமை நகர்த்தும் வகையில் செங்குத்துத் துல்லியம் பாதி போகும், ஆனால் ஒவ்வொரு ஃப்ரேமும் ஒரே கணம். மற்ற வகையில் முதல் ஃபீல்டு திரையின் பாஸ்பர் பூச்சில் அணையாமல் நிற்கும் ஒளியில் தங்கி நிற்கும், ஷட்டர் திறந்திருக்கும்போது இரண்டாவதும் சேர்ந்து பதியும். கோடுகள் அத்தனையும் கிடைக்கும், ஆனால் 1/50 விநாடி இடைவெளியுள்ள இரண்டு கணங்கள் ஒரே படத்தில். அசையும் கைக்கு இரட்டை விளிம்பு. ஷாட் மாறும் இடம் ஃப்ரேமின் நடுவில் விழுந்தால் இரண்டு ஷாட்டும் கலந்த ஒரு படம்! இந்த வகையை இயந்திரத்திடம் அப்படியே கொடுத்தால் கருவெள்ளை சொல்வதுதான் நடக்கும்.

கருவெள்ளை:
அதோடு, அன்றைய நாடகங்களில் தெருக் காட்சிகளை ஃபிலிமில் எடுத்து ஸ்டுடியோ வீடியோவோடு சேர்ப்பார்கள். அவை அன்றே 25 அசைவுதான். எல்லாவற்றுக்கும் ஒரே பொத்தானை அழுத்தினால் அன்றைய பார்வையாளர் பார்க்காத ஒன்றைத்தான் காட்டுகிறீர்கள்.

வரி625:
ஒப்புக்கொள்கிறேன். ஃபிலிம் ஷாட்டுகளைத் தனியாகக் குறித்து விலக்க வேண்டும். பிளம்பிகான் என்ற அந்தக் காலத்துப் படக் குழாய் உள்ள ஸ்டுடியோ கேமராவாக இருந்தால் கண்டுபிடிப்பது எளிது: டிரம்பெட்டின் பித்தளை மினுமினுக்கும்போது வால் இழுத்தால் அது ஸ்டுடியோ. வால் இல்லாமல், கிரெயின் இரட்டிப்பாகத் தெரிந்தால் ஃபிலிம்.

ஒளிமுனை:
ஜாஸ் என்று சொல்லிவிட்டு ஒலியைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. 16 மிமீ ஃபிலிமின் ஓரத்தில் ஒலியைப் படமாகப் பதியும் ஒளித் தடத்தில் 5, 6 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அதிகம் நிற்காது. சிம்பலும் பாஞ்சோவின் மேல் சுரங்களும் அங்கேயே போய்விடும். சமனியால் (ஈக்வலைசர்) தூக்கினால் இரைச்சல்தான் வரும். இன்னொன்று, அமெரிக்கப் பிரதியை விநாடிக்கு 24 ஃப்ரேமில் ஓட்டிப் பதிந்திருந்தால் 440 ஹெர்ட்ஸ் சுரம் 422-க்கு இறங்கியிருக்கும், ஏறக்குறைய முக்கால் அரைச்சுரம். பியானோ வரும் ஒரு காட்சியை சுருதி பார்க்கும் ட்யூனரில் போட்டால் தெரிந்துவிடும். முதலில் வேகத்தை 25-க்குக் கொண்டுவாருங்கள், படம் அப்புறம்.

கருவெள்ளை:
இத்தனையும் செய்து யூடியூபில் 576 கோட்டில் ஏற்றுகிறார்கள். அங்கே 720-க்குக் கீழே 50 ஃப்ரேம் கிடையாது, 25-ஆக வெட்டிவிடும். ஏற்றுவதானால் 720 கோடு, 50 ஃப்ரேமுக்குப் பெருக்கி ஏற்றுங்கள். கூடவே ஊகம் சேர்க்காத 25 பிரதியையும் போடுங்கள். அது இல்லாத பதிவை நான் ஏற்கமாட்டேன்.

வரி625:
25 பிரதியைக் காப்பகத்தில் வைக்க எனக்கு மறுப்பில்லை. பார்வைக்கு முதலில் நிற்க வேண்டியது 50 தான். அதில் இறங்கி வர மாட்டேன்.